ராமாமணி கேட்ட கருப்பு

நாற்பது வருஷமாகக் கோயமுத்தூரில் பெயின்ட் அடிக்கிறேன். ஐவரி கேட்டவர்கள் உண்டு, ரோஸ் கேட்டவர்கள் உண்டு. மாமனார் வீட்டைவிடப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று கிளிப்பச்சை கேட்டு, அடித்து முடித்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்தவரும் உண்டு. ஆனால் நடு ஹாலுக்குக் கருப்பு அடித்துக் கொடு என்று கேட்டவர் ராமாமணி அம்மா ஒருவர்தான். அது தொண்ணூற்று நாலாம் வருஷம், மார்கழி மாசம். தை பத்தாம் தேதி பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது.

வடவள்ளி போகிற வழியில் அந்தப் புது வீடு. அவர் கணவர் திருமலைசாமிக்குச் சொந்த ஊர் உடுமலைப்பேட்டை. கணபதியில் மோட்டார் பம்புக்கு வார்ப்பு ஊற்றும் பட்டறை வைத்திருந்தார். எனக்கு அந்த மனிதரை ஆரம்பத்திலேயே பிடிக்கவில்லை. மூன்று மாசம் அவர் வீட்டில் வேலை செய்தும் ஒரு நாள் கூட என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. நான் கும்பிட்டால் என் தோளுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சுவரைப் பார்த்துத் திருப்பிக் கும்பிடுவார். ஒரு நாள் நான் பக்கத்தில் குத்துக்கல் மாதிரி நிற்க, சாத்தி வைத்திருந்த ஏணியைப் பார்த்து, "மேஸ்திரி, சுவத்துல பூசுன பட்டி காஞ்சுதுங்களா?" என்று கேட்டார். காசு வந்தால் மனுஷனும் ஏணியும் ஒன்றாகிவிடுமோ என்று என் கூட்டாளி நஞ்சப்பனிடம் வயிறெரியத் திட்டித் தீர்த்தேன்.

அந்த அம்மா அப்படியில்லை. வண்ணம் என்றால் உயிர். ஹாலின் நீளச் சுவருக்குச் சாமந்தி மஞ்சள் வேண்டும், கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த ஆசை என்று சொல்லி, பூவையே கொண்டு வந்து காட்டி, நாலு தடவை என்னைக் கலக்க வைத்தார். நாலாவது தடவைதான் சரியாக வந்தது. டப்பாவை மூடி வைத்துவிட்டு மறுநாள் வந்தால், மஞ்சள் வேண்டாம் என்கிறார்.

"இந்த நீளச் சுவத்துக்குக் கருப்பு அடிச்சுக் குடுங்க மேஸ்திரி. எல்லா நிலைக்கும் கதவுக்கும் கருப்பு. மாடிப்படி ஓரத்துச் சுவத்துல இடுப்பு உசரத்துக்குக் கருப்பு."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏனுங்க அம்மணி, இது குடியிருக்கற ஊடுங்களா, இல்லாட்டி மசானக் கொட்டாய்ங்களா? இந்தக் கை ஊட்டுக்குள்ள கருப்பு அடிக்காதுங்க. வேற ஆளப் பாருங்க."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ அலமாரியிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்தார். குழாய் மாதிரி சுருட்டி, ஒரு முனையில் பாலிதீன் கவரை இரண்டு மடிப்பாக வைத்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். "இதை ஒரு கண்ணுல வெச்சு இன்னொரு கண்ணை மூடிக்குங்க. வாசல்ல இருந்து மாடிப்படி வரைக்கும் நடந்து பாருங்க. அதுக்கப்புறம் முடியாதுன்னா போயிருங்க."

விளையாட்டாகத்தான் வாங்கினேன். நாலு எட்டு வைத்ததும் விளையாட்டு போய்விட்டது. வெள்ளை மார்பிள் தரை, ஐவரிச் சுவர், ஐவரிக் கதவு, எல்லாம் கரைத்து வைத்த மாவு மாதிரி ஒன்றாகக் கிடந்தது. எது சுவர், எது கதவு, ஒன்றும் தெரியவில்லை. முதல் படியில் முட்டியை இடித்துக்கொண்டு, "அய்யோ" என்று உட்கார்ந்துவிட்டேன்.

"எங்கூட்டுக்காரருக்கு அப்படித்தானுங்க தெரியுது" என்றார். "ரெண்டு வருசமாப் பார்வை சுருங்கிட்டே வருது. நிறுத்த மருந்தில்லைன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. பட்டறையில எல்லாம் கரி, காச்சின இரும்பு செக்கச்செவேல்னு தெரியும், அதனால சமாளிச்சுக்கறாரு. இந்த ஊட்டுக்குள்ள வந்தாத்தான் தடவறாரு. நேத்துத்தான் எனக்கு உறைச்சுது. வெளுப்புக்குப் பக்கத்துல கருப்பு இருந்தா அவருக்கு இன்னும் நல்லாத் தெரியுதுங்க."

ஏணியைப் பார்த்துப் பேசிய மனிதர் என் நினைவுக்கு வந்தார். நான் திட்டிய திட்டெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

"பால் காச்சற அன்னைக்கு, வேலை செஞ்சவங்க எல்லாத்துக்கும் அவரு கையால வேட்டி துண்டு குடுக்கோணும். ஒறம்பரை, சொந்தபந்தம் பூரா நிக்கும். அத்தனை பேரு முன்னால நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்னு வைங்க, அதோட அவரு ஒரு மூலையில உக்காந்துருவாரு. அப்புறம் எந்திரிக்க மாட்டாரு. எனக்கு அவரைத் தெரியுமுங்க." பிறகு சொன்னார்: "அவரு வாயால சொல்ற வரைக்கும் வெளிய தெரிய வேண்டாம். நீங்க யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

அன்றைக்கே ஒப்புக்கொண்டேன். கருப்பு என்றால் ஒரே கருப்புதான் என்று அதுவரை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா ஆறு பலகையில் ஆறு கருப்பு பூசச் சொன்னார். ஒன்றில் துளி நீலம் அதிகம், ஒன்றில் துளி சிவப்பு, ஒன்றில் டர்பன்டைன் கூடுதல். ஆறின் மேலும் வெள்ளைத் துண்டு ஒன்றைப் போட்டு, பதினைந்து அடி தள்ளி நின்று, அந்தக் காலண்டர் குழாயைக் கண்ணில் வைத்துக்கொள்வார். காலை ஏழு மணிக்கு ஒரு தடவை, உச்சிவெயிலில் ஒரு தடவை, பொழுது சாயும்போது டியூப் லைட்டைப் போட்டு ஒரு தடவை. ஒன்று காலை வெளிச்சத்தில் காப்பிக்கொட்டை நிறமாகிவிட்டது. ஒன்று டியூப் லைட்டில் சாம்பலாகிவிட்டது. மூன்று நாள் பார்த்து, நீலம் துளி கலந்த நாலாவது பலகையைத் தொட்டு, "இது எப்பவும் கருப்பாவே இருக்குதுங்க" என்றார். அடித்துப் பிழைக்கிற எனக்குத் தெரியாததை மூன்று நாளில் கண்டுபிடித்துவிட்டாரே என்று எனக்குப் பொறாமையாகக் கூட இருந்தது.

அதற்குப் பிறகுதான் என் புத்தி வேலை செய்தது. பெயின்ட்காரனுக்குப் பளபளப்பில்தான் கௌரவம். அடித்த சுவரில் முகம் பார்த்துத் தலை வார வேண்டும், அப்போதுதான் அது வேலை. பலகையில் டர்பன்டைன் தாராளமாக ஊற்றி, மினுக்கு இல்லாமல் மந்தமாக அடித்திருந்தேன். சுவரிலும் அப்படி அடித்தால் ஊரில் என்ன சொல்வார்கள்? அந்த அம்மாவைக் கேட்காமலே நல்ல பளபளப்பு எனாமல் வாங்கி, மூன்று கைப் பூச்சு அடித்து, ஒவ்வொரு கைக்கும் நடுவில் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பர் தேய்த்தேன். சுவர் குளத்துத் தண்ணீர் மாதிரி நின்றது. நஞ்சப்பன் அதில் பார்த்து மீசையை முறுக்கினான்.

காய்ந்த அன்று கணவன் மனைவி இரண்டு பேரும் வந்தார்கள். திருமலைசாமி உள்ளே வந்தார், சுற்றிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. கருப்பு நிலை வைத்த சமையலறைக் கதவுக்குத் தானே போனார், தானே திரும்பினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம், வெளியே போகிறேன் என்று சொல்லிவிட்டு, விறுவிறுவென்று நடந்து போய் நீளச் சுவரில் நெற்றியை மோதிக்கொண்டார்.

திறந்திருந்த வாசல் அந்தச் சுவரில் அப்படியே தெரிந்திருக்கிறது. வெளிச்சமாக, கதவளவுக்கு. அவர் அதை வாசல் என்றே நம்பிப் போயிருக்கிறார்.

"வாசல் இந்தப் பக்கம்னு நெனச்சுட்டேனுங்க மேஸ்திரி" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சிரித்தார், எனக்கு எதிர்ப்பக்கம் பார்த்து. அவர் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. பிறகு மனைவியின் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டு காருக்குப் போனார்.

ராமாமணி அம்மா திரும்பி வந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "பலகையில இந்தப் பளபளப்பு இல்லீங்களே?"

"இல்லீங்க அம்மணி. என்ற திமிர்ல நானாச் சேத்துப்போட்டேன்."

"பளபளப்பே இல்லாத கருப்பு கெடைக்குமுங்களா?" என்று மட்டும் கேட்டார். ஒரு சுடுசொல் இல்லை.

கிடைக்கும். எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. பதினெட்டு வயசில் நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே பள்ளிக்கூடப் போர்டுக்குப் பெயின்ட் அடித்துத்தான். எந்த மூலையில் உட்கார்ந்தாலும் பிள்ளைகளுக்கு எழுத்து தெரிய வேண்டும் என்பதற்காக அந்தப் பெயின்ட்டில் துளி மினுக்கு இருக்காது. வீட்டு வேலை கிடைத்ததும் போர்டு வேலையைக் கேவலம் என்று விட்டவன் நான். அதைத் தேடித்தான் மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன்.

நாள் ஆறுதான் இருந்தது. உப்புத்தாள் போட்டு இரண்டு நாள் சுவரைச் சொரசொரப்பாகத் தேய்த்தோம். மூக்கு, காது, சோறு எல்லாம் கருப்பு. போர்டு பெயின்ட்டில் நாலாவது பலகைக்கு ஊற்றிய அதே அளவு நீலம். நடுவில் நிறுத்தினால் சேர்ந்த இடம் பட்டை பட்டையாகத் தெரியும் என்பதால், மேலே நஞ்சப்பன், கீழே நான், காலையில் தொட்ட சுவரை டீக்குக் கூட இறங்காமல் ஒரே மூச்சில் முடித்தோம். இரண்டு கை. காய்ந்த பிறகு அந்த அம்மா வாசலைத் திறந்து வைத்துக் குழாய் வழியாகப் பார்த்தார். சுவரில் எந்த வாசலும் இல்லை. வெளிச்சத்தை அப்படியே குடித்துவிட்டு அமைதியாக நின்றது. இவ்வளவு அழகான சுவரை நான் அதற்கு முன் அடித்ததில்லை.

அன்று சாயங்காலம் உடுமலைப்பேட்டையிலிருந்து திருமலைசாமியின் அண்ணன் லட்சுமணசாமி வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன கண்றாவி இது? புது ஊட்டுக்குள்ள யாராச்சும் கருப்பு அடிப்பாங்களா? ஏப்பா மேஸ்திரி, உனக்காச்சும் சொல்லத் தெரியாதா?"

கணவரின் அண்ணனை அவர்கள் வழக்கப்படி பாவா என்றுதான் அந்த அம்மா கூப்பிடுவார். "மேஸ்திரி மேல தப்பில்லீங்க பாவா. எனக்குத்தான் ஆசை. நான்தான் புடிவாதம் புடிச்சேன்."

"நல்ல ஆசை. நடுவுல நாலு சுண்ணாம்புப் பொட்டாச்சும் வையப்பா, திருஷ்டிப் பானைன்னு நெனச்சுக்கலாம்" என்று அவர் என்னிடம் சொன்னார். எனக்கு நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் விழுங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து பால் காய்ச்சும் நாள் வரைக்கும் ஒறம்பரை மொத்தமும் ராமாமணிக்கு மூளை பிசகிவிட்டது என்று பேசியது. ஒரு வார்த்தை சொன்னால் எல்லா வாயும் அடைபட்டுவிடும். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவே இல்லை.

தை பத்து. பால் பொங்கியது. கொத்தனார், ஆசாரி, நான், நஞ்சப்பன் எல்லோரும் வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் வந்து நீளச் சுவருக்கு முன்னால் வரிசையாக நிற்க வேண்டும் என்று அந்த அம்மா முன்பே சொல்லியிருந்தார். நின்றோம். ஹாலில் நூறு பேருக்குக் குறையாது.

திருமலைசாமி மாடியிலிருந்து இறங்கினார். ஓரத்துக் கருப்பில் ஒவ்வொரு வெள்ளைப் படியும் எடுத்துக் காட்டியது. கைப்பிடியைத் தொடக்கூட இல்லை. மனைவி கீழ்ப்படிக்குப் பக்கத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கையை அரைகுறையாக நீட்டியபடி நின்றிருந்தார். அந்தக் கையைத் தாண்டி அவர் நடந்து வந்தார். தட்டிலிருந்து வேட்டி துண்டை எடுத்துக் கொத்தனாருக்குக் கொடுத்தார், ஆசாரிக்குக் கொடுத்தார். என் முன்னால் வந்து நின்றார். நின்று, மேலிருந்து கீழாக என்னைப் பார்த்தார்.

"சட்டைக் காலர்ல கருப்பு ஒட்டியிருக்குதுங்க மேஸ்திரி" என்றார். பிறகு என் கண்ணுக்கு நேராகப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "மூணு மாசமாக் கொரலைத்தான் கேட்டுட்டு இருந்தேன். மீசையெல்லாம் நரைச்சுப் போச்சுங்களே பாலுசாமி" என்றார்.

வேட்டியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மரியாதைக்குச் செய்கிறேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அவர் நஞ்சப்பனிடம் நகர்ந்ததும் படியோரம் பார்த்தேன். அந்த அம்மாவின் நீட்டிய கை இறங்கியிருந்தது. பக்கத்தில் லட்சுமணசாமி சலித்துக்கொண்டிருந்தார்: "எல்லாம் சரி அம்மணி. இந்தச் சுவத்துக்கு மட்டும் வேற நல்ல கலரே கெடைக்கலயா உனக்கு?"

சாமந்திப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு நாலு தடவை என்னைக் கலக்க வைத்த அந்த அம்மா, கணவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் சிரித்தார்.

"எனக்குக் கருப்புத்தானுங்க பாவா புடிக்கும்."