கைகளின் மேல் கைகள்

எங்கள் அலுவலகத்துக்கு வரும் அழைப்புகளில் பாதி, "தப்பான நம்பரா இருந்தா மன்னிச்சுக்குங்க" என்றுதான் தொடங்கும். மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று போனில் சொல்வது என் வேலை. சக்கர நாற்காலி, செவிக்கருவி, பள்ளியில் இடம், வீட்டுக்கு வரும் நர்ஸ் என்று எதைக் கேட்டாலும் கணினியைப் பார்க்காமலே நம்பர் சொல்வேன். கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு வைத்த பெயர் டைரக்டரி. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று காலை பேசிய பெண்ணும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தார்.

"மூணு நாளைக்கு என் தம்பியைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும். மூணே நாள்தான்."

"தம்பிக்கு என்ன வயசு?"

"நாப்பத்தொண்ணு. பிறந்ததிலேர்ந்தே காது கேக்காது. கண்ணு பத்தொம்பது வயசுல மங்க ஆரம்பிச்சு, இருபத்திரெண்டுல சுத்தமா போயிடுச்சு."

அக்காவுக்குப் பித்தப்பையில் கல். டாக்டர் இரண்டு முறை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்து, இரண்டு முறையும் அவர் போகவில்லை. மூன்றாவது முறை டாக்டர் நன்றாகத் திட்டிவிட்டாராம்.

"வேற எங்கயாவது கேட்டுப் பாத்தீங்களா?"

"கண்ணு தெரியாதவங்க விடுதியில கேட்டேன். நாங்க பேசினா கேக்குமான்னாங்க. கேக்காதுன்னேன். அப்போ காது கேக்காதவங்க சங்கத்துக்குப் போங்கன்னு சொல்லிட்டாங்க. அங்க போனா, சைகை பண்ணினா தெரியுமான்னு கேக்கறாங்க." அவர் சிரித்தார். "ரெண்டு பக்கமும் பந்து மாதிரி உதைக்கறாங்க மேடம். நானும் உருண்டுக்கிட்டே இருக்கேன்."

கணினியில் தேடினேன். பார்வைக்கு ஒரு பட்டியல் இருந்தது. செவிக்கு ஒரு பட்டியல் இருந்தது. இரண்டும் இல்லாதவருக்கு ஒரு வரிகூட இல்லை. டைரக்டரி திருதிருவென்று முழித்தது.

"நான் நேர்ல வந்து பாக்கறேன்" என்றேன். வேறென்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னதுதான்.

மாடியில் இரண்டு அறை வீடு. ஜன்னலோரம் தையல் மெஷின். அதுதான் அக்காவின் பிழைப்பு. நாற்காலி, தண்ணீர்க் குடம், செருப்பு என்று ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. தம்பி தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டடி வைப்பதற்குள் தலையை நிமிர்த்தினார்.

"தரை சொல்லிடும் அவனுக்கு. வந்திருக்கறது புது ஆளுன்னும் தெரியும்" என்றார் அக்கா.

தம்பி கையை நீட்டினார். என் கையை வாங்கி மணிக்கட்டு, நகம், உள்ளங்கை என்று நிதானமாகப் பார்த்தார். பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். நடுவிரலில் பேனா பிடித்துக் காய்த்திருந்த இடத்தில் நின்றார். அதைத் தேய்த்துக் காட்டி, அக்காவின் விரலிலும் அதே இடத்தில் தேய்த்தார்.

"உங்களுக்குப் பேர் வச்சுட்டான். எழுதறவங்க."

மணிக்கட்டில் இரண்டு தட்டினால் டீ. காதைக் கிள்ளினால் யாரோ வந்திருக்கிறார்கள். முழங்கையிலிருந்து கீழே கோடு இழுத்தால் குளியல். அக்காவும் தம்பியும் பத்தொன்பது வருடத்தில் உண்டாக்கிய பாஷை அது. நூறு, நூற்றைம்பது வார்த்தை இருக்கலாம் என்றார் அக்கா.

"ஆபரேஷன்னு எப்படிச் சொல்வீங்க?"

அவர் முகம் மாறியது. "அதுதான் தெரியல. போயிட்டு வந்துடுவேன்னு எப்படிச் சொல்றது? எங்க அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனவங்க திரும்பி வரல. நான் துணிப்பையை எடுத்தாலே கையைப் பிடிச்சுக்கறான்."

பிறகு அவராகவே சொன்னார். "சின்ன வயசுல காது கேக்காதவங்க ஸ்கூல்ல படிச்சான். பசங்களோட சைகையில பொரிஞ்சு தள்ளுவான். கண்ணு போனதும் அதைப் பாக்க முடியல. எங்க வீட்டுல யாருக்கும் அந்தப் பாஷை தெரியாது. அப்படியே நின்னு போச்சு. இந்த உலகத்துலயே இப்படி இருக்கறது தான் மட்டுந்தான்னு நினைக்கறானோன்னு எனக்குத் தோணும்."

அலுவலகத்துக்குத் திரும்பியதும் போனை எடுத்தேன். அன்று பதினான்கு இடம். மறுநாள் பதினொன்று. நர்ஸ் அனுப்பும் கம்பெனிக்காரர், "பேச முடியாத ஆள்கிட்ட எங்க பொண்ணை எப்படி விடறது?" என்றார். வேறொருவர், "அப்படியெல்லாம் மனுஷங்க இருக்காங்களா?" என்று உண்மையாகவே கேட்டார். எட்டாவது நாள், எங்கோ ஒரு அலுவலகத்தில் போனை எடுத்த குமாஸ்தா, "எதுக்கும் இவங்களைக் கேட்டுப் பாருங்க" என்று ஒரு நம்பர் கொடுத்தார்.

நான்கு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு சின்ன அமைப்பு. கண்ணும் காதும் இரண்டும் இல்லாதவர்களுக்காக மட்டுமே பன்னிரண்டு வருடமாக நடக்கிறது. நான் கேள்விப்பட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது.

"மூணு நாளைக்கு ஆள் அனுப்பறோம். இப்படிப்பட்டவங்களோட பழகினவங்க இருக்காங்க. அதுக்கு முன்னாடி எங்க டீச்சர் வந்து அவரோட பேசணும்" என்றார் அங்கே இருந்த மேலாளர்.

"அவரோட டீச்சர் எப்படிப் பேசுவாங்க?"

"அவங்களும் அப்படித்தான்மா. கண்ணும் தெரியாது, காதும் கேக்காது."

டீச்சர் வரும் நாளைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு மதியம் டீச்சர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தார். கையில் வெள்ளைக் கோல். அவர் கையைப் பிடித்தபடி துணைக்கு ஒரு பெண். டீச்சர் கையால் சொல்வதை எங்களுக்கு வாயால் சொல்வதும், நாங்கள் பேசுவதை டீச்சரின் கையில் சொல்வதும் அந்தப் பெண்ணின் வேலை.

யார் வருகிறார் என்று தம்பிக்கு அக்காவால் சொல்ல முடியவில்லை. அதற்கு அவர்களிடம் வார்த்தை இல்லை. காதை மட்டும் கிள்ளினார்.

தம்பி கையை நீட்டினார். டீச்சர் அவர் எதிரே தரையில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் கொடுத்தார். தம்பி வழக்கம்போல நகம், மணிக்கட்டு என்று தடவிக்கொண்டே போனவர், மடியில் கிடந்த கோலைத் தொட்டதும் தலையை ஆட்டினார். கண் தெரியாதவர், அது அவருக்குப் புதிதில்லை. டீச்சரின் கையை எடுத்துத் தன் காதில் வைத்து, பிறகு அந்தக் கையை விரித்து, இல்லை என்று காட்டினார். தன்னைப் பற்றிச் சொல்லிவிடுவது மரியாதை என்பது போல.

டீச்சர் தம்பியின் கையை எடுத்துத் தன் காதில் வைத்தார். பிறகு அந்தக் கையோடு சேர்த்துத் தலையை இடவலமாக ஆட்டினார்.

தம்பி நம்பவில்லை. இடது கை விரல்களை டீச்சரின் மூடிய இமை மேல் பூப்போல வைத்தார். தரையில் அடித்தால் அதிர்வு காட்டிக்கொடுத்துவிடும் என்று, பக்கத்தில் கிடந்த எவர்சில்வர் தட்டை வலது கையால் எடுத்துத் தன் முழங்காலில் ஓங்கி அடித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா "டேய்!" என்று கத்திவிட்டார். டீச்சரின் இமை அசையவில்லை.

மறுபடியும் அடித்தார். அசையவில்லை.

தட்டு கையிலிருந்து நழுவியது. தம்பி வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. தடுமாறி எழுந்து, அக்கா எங்கே என்று தேடிப் பிடித்து, அவர் கையை இழுத்துத் தன் மார்பில் ஒரு முறை தட்டினார். பிறகு டீச்சர் இருந்த பக்கம் காட்டினார். பிறகு அக்காவின் உள்ளங்கையில் இரண்டு விரலை அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார்.

"ரெண்டுங்கறான்" என்றார் அக்கா.

அதன்பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. டீச்சர் தம்பியின் கைகளைத் தன் கைகளின் மேல் வைத்துக்கொண்டு, பள்ளியில் பிள்ளைகள் பேசும் அந்தச் சைகைகளை மெல்லச் செய்தார். ஒன்று. இன்னொன்று. தம்பியின் விரல்கள் முதலில் சும்மா கூடவே போயின. திடீரென்று இறுகின. கைகள் இடம் மாறின. இப்போது டீச்சரின் கைகள் மேலே, தம்பியின் கைகள் கீழே. தயங்கித் தயங்கி ஒரு சைகை. அப்புறம் மூன்று. அப்புறம் அணை உடைந்தது. அவ்வளவு வேகமாக அந்தக் கைகள் அசையும் என்று யார் நினைத்தார்கள்? தோள் ஆடியது, புருவம் ஏறியது. அத்தனை வருடமாக உள்ளே ஒரு மொழி முழுசாக, உயிரோடு உட்கார்ந்திருந்தது.

"இவனுக்கு இவ்வளவு பேசத் தெரியுமா?" என்றார் அக்கா, கிசுகிசுப்பாக. "நான் நூறு வார்த்தையில இவனை அடைச்சு வச்சிருந்தேனா?"

துணைப் பெண் சிரித்துக்கொண்டே திரும்பினாள். "அக்கா, உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு. டீயில சர்க்கரையைக் குறைச்சுட்டீங்களாம். கேட்டா டப்பா காலின்னு காட்டறீங்களாம். அது வேற டப்பான்னு அவருக்குத் தெரியுமாம்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "எல்லாத்தையும் கவனிச்சிருக்கான் பாருங்க."

துணைப் பெண்ணின் முகம் கொஞ்சம் மாறியது. "இன்னொண்ணு கேக்கறார். அக்காவுக்கு வயித்துல என்ன வலி? மூணு மாசமா சரியா தூங்கறதில்ல, எழுந்து எழுந்து நடக்கறா, ஜன்னல்கிட்ட போய்க் குனிஞ்சு நிக்கறா, தரையில தெரியுதுன்னு சொல்றார்."

அக்கா யாரிடமும் சொல்லாத வலி அது. டாக்டரிடம்கூடப் பாதிதான் சொல்லியிருந்தார்.

ஆபரேஷனைப் பற்றி டீச்சர் சொன்னார். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டது, எத்தனை நாள், எந்த இடத்தில் வெட்டுவார்கள், யார் வந்து இருப்பார்கள், அம்மாவுக்கு வந்தது வேறு, இது வேறு என்று எல்லாமே. தம்பி நிறையக் கேள்வி கேட்டார். கடைசியில் துணைப் பெண் அவர் பதிலைச் சொன்னாள்:

"போயிட்டு வரட்டுங்கறார். ரெண்டு தடவை ஏன் போகலன்னு கோபமா இருக்கார்."

பத்து நாள் கழித்து அக்கா துணிப்பையை எடுத்தபோது தம்பி கையைப் பிடிக்கவில்லை. பையை வாங்கி, துவாலை வைத்திருக்கிறாரா என்று சோதித்தார். அமைப்பு அனுப்பிய ஆள் ஒருவர் மூன்று நாளும் வீட்டில் தங்கினார். இரண்டாம் நாள் தம்பியை ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போனார். வார்டில் எல்லோரும் பார்க்க, தம்பி அக்காவின் கட்டு மேல் காற்றைத் தொடுவது போல விரல் வைத்து அளந்தார். பிறகு நர்ஸின் கையைப் பிடித்து அவளுக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டு வந்தார்.

இப்போது வியாழக்கிழமைதோறும் அந்த அமைப்பிலிருந்து ஆள் வருகிறார். அக்காவும் உட்கார்ந்து சைகை கற்றுக்கொள்கிறார். தப்பாகச் செய்தால் தம்பி விரலில் அடிக்கிறாராம்.

போன வாரம் அக்கா போன் செய்தார். இந்த முறை மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

"மேடம், இன்னிக்கு அவன் எனக்கு ஒரு ஜோக் சொன்னான்."

"என்ன ஜோக்?"

"எனக்குப் புரியல. மறுபடியும் சொன்னான். அப்பவும் புரியல. அவன் மட்டும் விழுந்து விழுந்து சிரிக்கறான்." அவரும் சிரித்தார். "இருங்க, மூணாவது தடவை கேக்கப் போறேன். புரிஞ்சதும் உங்களுக்குச் சொல்றேன்."