பச்சை காட்டிய தெருக்கள்

விடிய இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. பட்டறை வீதிச் சாக்கடைக்குள் முழங்காலளவு இறங்கி நின்ற ஒச்சாயி, மம்பட்டியை உள்ளே விட்டு இழுத்தாள். வந்தது சகதி மட்டுமல்ல. பனியன் கம்பெனிகள் தள்ளிவிட்ட கட்டிங் வேஸ்ட் துணி, தண்ணீர் குடித்து ஊதிப்போய், செத்த ஆட்டின் கனத்தோடு வந்தது. நூல் பிசிறுகள் மம்பட்டிக் காம்பில் சுற்றிக்கொண்டு விடமாட்டேன் என்றன. பின்னால் நின்ற கன்னையன் அவற்றைக் கையாலேயே பிய்த்து எறிந்தார். சாயப்பட்டறைத் தண்ணீர் அன்றைக்கு நீலமாக வந்தது. பக்கத்தில் இறங்கி நின்ற சென்னம்மாளின் முழங்கால் வரை நீலம் ஏறியிருந்தது.

"கிருஷ்ணர் வேசங் கட்டறதுக்குக் காலு ரெடிங்க. புல்லாங்குழலு மட்டும் யாராச்சும் வாங்கிக் குடுங்க" என்றாள் சென்னம்மாள்.

கரையில் தொடுதிரை டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அனுசுயாவும் சிரித்துவிட்டாள். அவள் ஒச்சாயியின் மருமகள். ஆண்டிபட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம் அவர்களுடையது. கம்ப்யூட்டர் படித்திருந்த அனுசுயாவுக்கு மாநிலத் துப்புரவு ஆணையத்தின் செங்காட்டுப்பாளையம் கோட்டத்தில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்திருந்தது. முப்பத்திரண்டு பேர் சுத்தம் செய்யும் தெருக்களுக்கெல்லாம் ஸ்கூட்டியில் போவாள். வேலை தொடங்கும்போது ஒரு படம், முடிந்ததும் ஒரு படம். கூடவே தொடங்கிய நேரம், முடிந்த நேரம். அவள் விரல் பட்ட மறுநொடி அது சென்னையில் ஆணையத்தின் டேஷ்போர்டு திரையில் நிறமாக விழும். காலை எட்டரைக்குள் முடிந்த தெரு பச்சை. முடியாத தெரு சிவப்பு. சிவப்பு விழுந்தால் அந்தத் தெருவில் வேலை பார்த்தவர்களுக்கு அன்றைக்கு ஆப்சென்ட்; கூலி கிடையாது.

எட்டரைக்குள் முடிக்க இதென்ன கோலம் போடுகிற வாசலா? எல்லாத் தெருவும் முடிய மதியம் ஒரு மணி ஆகும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், அந்த முப்பத்திரண்டு பேரில் ஒருத்தியான மருதாள் நாள் முழுக்கச் சாக்கடைக்குள் நின்றும் ஆப்சென்ட் ஆனாள். டேப்பின் கண்ணாடியைத் தடவிப் பார்த்து, "இதுக்குள்ள நான் இல்லீங்களா கண்ணு?" என்று கேட்டாள். அன்றைக்கு அனுசுயாவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து எட்டரை ஆவதற்குள் எல்லாத் தெருவுக்கும் 'முடிந்தது' என்று போட்டுவிடத் தொடங்கினாள். கழுவிவிட்ட இரண்டடி இடத்தைக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்தால் தெருவே பளிச்சென்று தெரியும். போட்டுவிட்டு, "பச்சை!" என்பாள். சாக்கடைக்குள் நிற்பவர்களின் முகம் மலரும். வேலை மட்டும் ஒரு மணி வரை நடக்கும்.

அன்றைக்கும் எட்டு இருபதுக்குப் பச்சை போட்டாள்.

மதியம் எல்லாரையும் கோட்ட அலுவலகத்துக்கு வரச்சொல்லியிருந்தார் துப்புரவுக் கான்ட்ராக்டரின் மேனேஜர் செந்தில்வேல். சட்டைக் கை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து, லேப்டாப்பை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். திரை முழுக்க நாற்றங்கால் மாதிரி ஒரே பச்சை.

"சென்னை மீட்டிங்கில மாநிலத்துலயே நம்ம கோட்டந்தான் பர்ஸ்ட். ஒரு செவப்புக் கூட இல்ல."

நாலைந்து பேர் கை தட்டினார்கள்.

"எட்டரைக்கே முடிச்சுப்போடறீங்க. ஆனா வேலை நேரம் ஒரு மணி வரைக்கும். மிச்ச நாலரை மணி நேரம் ஆளுக சும்மா இருக்கறாங்கன்னு சாப்ட்வேர் காட்டுது. அதனால பதினெட்டுப் பேரு போதும்னு ஆணையம் சொல்லிருச்சு. ஒண்ணாந்தேதியிலிருந்து பதினாலு பேரு வேண்டாம்."

கை தட்டியவர்களின் கை அப்படியே நின்றது.

"சும்மாவுங்களா?" கன்னையன் வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டினார். தோல் வெந்து வெளுத்திருந்தது. "சும்மா இருக்கறவன் காலு இப்படியா சார் இருக்கும்?"

"ஏப்பா கன்னையா, உன்ற காலைப் பாத்து நான் என்ன பண்ணட்டும்? சென்னையில இருக்கறவங்க காலைப் பாக்கறதில்ல, இதைத்தான் பாக்கறாங்க. நான் சொல்லலை, இது சொல்லுது. உன்ற பேரு பதினெட்டுல இருக்குது, சந்தோசமாப் போ."

அப்பன் வயதுக்காரரை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"ஏனுங் சார், கம்பெனிக்காரங்க வேஸ்ட்டைக் கொண்டாந்து சாக்கடையில கொட்டறாங்களே, அதுக்கு இதுல செவப்பு விழுகாதுங்களா?" என்று கேட்டாள் சென்னம்மாள்.

"அதுக்கு இதுல கட்டமே இல்ல" என்றார் செந்தில்வேல். பிறகு பெயர்களை வாசித்தார். ஒச்சாயி, மருதாள், சென்னம்மாள் என்று பதினாலு பெயர்.

அனுசுயா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பச்சையும் அவள் வைத்த பச்சை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்து, அதைப் பதினாலு வீட்டுக்குள்ளும் விட்டுவிட்டாளே!

அலுவலகத்துக்குப் பின்னால், தள்ளுவண்டிகள் நிற்கும் இடத்தில், அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எட்டரைக்கு முடிந்ததாக அவள் போட்டதால்தான் ஆள் அதிகம் என்று கணக்காகியிருக்கிறது.

"காப்பாத்தறேன்னு சொல்லிக் கழுத்தை அறுத்துப்போட்டியே அம்மிணி! பச்சைன்னா நல்லதுன்னு நம்பிக் கிடந்தமே" என்று கத்தினாள் சென்னம்மாள்.

ஒச்சாயி குறுக்கே வந்தாள். "அவளைத் திட்டாத. எட்டு மணியானா 'போட்டியா, போட்டியா'ன்னு அரிச்செடுத்தது நாந்தேன்."

"மாமியாளும் மருமகளும் ஒண்ணாக்கும்! மண்டையில மொளகா அரைச்சுப்போட்டு…"

"நீ மட்டும் என்ன சென்னி? பச்சைன்னு சொன்னப்ப நீயுந்தான கும்பிட்ட?" என்றாள் மருதாள்.

சென்னம்மாள் வண்டிச் சக்கரத்தை உதைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அனுசுயா ஓரமாகப் போய்க் கணவனுக்குப் போன் செய்தாள். ஜெயபாண்டிக்குப் பின்னால் தையல் மிஷின்களின் இரைச்சல். தான் போட்டது பொய் என்று ஆணையத்துக்கு எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னாள்.

"ஆத்தாவுக்கு வேலை போனா கஞ்சியக் குடிச்சாச்சும் சமாளிச்சுக்கிறலாம். உன் மேல கேசு வந்தா நான் என்னத்தடி செய்வேன்?"

மிஷின்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

"சாப்ட்டியா?" என்று கேட்டான்.

"இல்ல."

"சாப்ட்டுட்டு எழுது."

வண்டியின் மூடி மேல் காகிதத்தை வைத்து எழுதினாள். இரண்டு வருடமாகப் பதிந்த முடிவு நேரங்கள் பொய் என்றும், எல்லாத் தெருவும் முடிய மதியம் ஒரு மணி ஆகிறது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். படித்துக்காட்டியதும் கன்னையன் பேனாவுக்குக் கை நீட்டினார்.

"உங்க வேலைதான் இருக்கே மாமா, நீங்க எதுக்கு?"

"பதினெட்டுப் பேரு இத்தனை சாக்கடையில எறங்குனா எத்தனை பேரு மேல ஏறுவோம்? அதுக்கும் கட்டம் இருக்காது கண்ணு. பொய்யின்னு தெரிஞ்சேதான் நாங்க தலையாட்டுனோம்னு கீழ எழுது."

எழுதினாள். ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்து விழுந்தது. ஒச்சாயி கைநாட்டு வைத்தாள். பதினெட்டில் இருந்த மூன்று பேர், குழந்தையைக் கூட்டி வர வேண்டும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று முகம் பார்க்காமல் போய்விட்டார்கள். சென்னம்மாளும் போடவில்லை. "ஜெயிலுக்குப் போறதுக்கு எனக்கு நேரமில்ல" என்று எழுந்து போனாள்.

செந்தில்வேல் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "உன் கையாலயே எழுதிக் குடுத்திருக்கற. மொத கேசு உன் மேலதான் அம்மிணி. இவங்களுக்கென்ன, நாளான்னைக்கே வடக்க இருந்து ஒரு பஸ்ஸு ஆளு வந்து எறங்கும். இந்தக் கடுதாசி சென்னைக்குப் போகும்னு நெனைக்கறியா?" அதை லேப்டாப்புக்கு அடியில் தள்ளினார். பெற்றுக்கொண்டதற்கு ஒரு முத்திரைகூட வைத்துத் தரவில்லை.

மறுநாள் காலை பட்டறை வீதியில் மணி எட்டு இருபது ஆனது. அனுசுயா டேப்பைத் தொடவில்லை. ஒச்சாயி சாக்கடைக்குள்ளிருந்து மருமகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். எதுவும் கேட்காமல் குனிந்துகொண்டாள். எட்டரை ஆனது. கோட்டத்தின் முதல் தெரு சிவந்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது. கையெழுத்துப் போடாமல் போன மூன்று பேரின் தெருவும் சிவந்தது.

போன் அடித்தது. செந்தில்வேல். அனுசுயா எடுக்கவில்லை.

சென்னம்மாள் கரையேறி வந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கேட்காமலே போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"சென்னம்மா பேசறனுங்க… இல்லீங்க, அந்தப் புள்ளை பேசாதுங்க. பட்டறை வீதி இன்னும் பாதி கிடக்குதுங்க… ஆமாங்க, செவப்புதானுங்க… ஆப்சென்ட்டுங்களா? போட்டுக்குங்க. போட்டுப்போட்டு இங்க வந்து பாருங்க, ஆளு நிக்கறமா இல்லையான்னு… என்ன சொன்னீங்க?"

சென்னம்மாள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"கேசுங்களா? அந்தக் கடுதாசியில என்ற பேரு விட்டுப்போச்சுங்க. சென்னம்மாள், கணவர் பேரு பொன்னுச்சாமி. சேர்த்து எழுதிக்குங்க."

இணைப்பு அறுந்தது. அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி இறங்கினாள். அன்றைக்கு நாள் முழுவதும் ஆப்சென்ட் என்று எல்லாருக்கும் தெரியும். ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கன்னையன் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

"இழு" என்றார். சாக்கடைக்குள் நின்றவர்கள் எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள்.