மறைவிடத்துக் காவல்

ராசிங்காபுரம் முக்கில் கன்னையனின் ஜீப் வந்து நிற்கும்போது கிழக்கே இன்னும் வெளுத்திருக்காது. தூக்குவாளியும் பிளாஸ்டிக் சாக்குமாகப் பெண்கள் ஏறுவார்கள். ஏறுவது என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான், அடைபடுவார்கள். மடியில் ஒருத்தி, அவள் மடியில் நாலு வாளி என்று உள்ளே மூச்சுவிட இடமில்லாமல் ஆன பிறகு, பின்பக்கப் படியில் கடைசி ஆளாகக் கார்முகில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். அதற்கு முன்னால் முழங்கால் வலிக்காரி பெரியம்மாளைக் கைகொடுத்துத் தூக்கி ஏற்றிவிடுவதும் அவள் பாடுதான். மலைமெட்டு ஏறும் வளைவுகளில் மழை முகத்தில் அறைந்தாலும் அந்தப் படியை விட்டு உள்ளே வரமாட்டாள். யாரும் அவளோடு சண்டைக்கு வராத இடம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

கார்முகில் திருநங்கை. பதினாறு வயதில் வீட்டை விட்டு ஓடி, மதுரையிலும் திருப்பூரிலும் கடைகடையாகக் கைதட்டி நின்று, சலித்துப்போய் ஊர் திரும்பியவள். ஒரே தெருக்காரியான ரேணுகாதான் அவளை இழுத்துக்கொண்டு வந்து ஜீப் முன்னால் நிறுத்தினாள். கங்காணி கன்னையன் தலையைச் சொறிந்தார். மெட்டைத் தாண்டினால் கேரளா. அங்கே ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பது பெண்கள் கூட்டம். மருந்தடிக்கிற ஆண்களுக்குத் தனி ஜீப். இவளை எந்த ஜீப்பில் ஏற்றுவது?

"இவ காய் எடுத்தா ஒனக்கு வலிக்குதாண்ணே? பொம்பளைக ஜீப்புல பொம்பளதான் ஏறுறா. வண்டிய எடு, சோலி கெடக்கு" என்றாள் ரேணுகா.

அன்றைக்கு ஏறிய படி அது. தோட்டத்தின் பதிவில் கன்னையன் அவளைப் பெண் என்றே சொல்லி வைத்தார். "ஆத்தா கார்முகிலு" என்றுதான் கூப்பிடுவார். அவர் வாயிலிருந்து அந்த ஆத்தா வரும்போதெல்லாம் அவளுக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி ஓடும். வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள்.

தோட்டத்தில் கக்கூசு கிடையாது. முதலாளி வீட்டு நாய்க்குக் கூரை போட்ட கூண்டு உண்டு, இவர்களுக்கு ஓடைக்கரைப் புதர்தான். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து அங்கே ஒதுங்குவார்கள். மேஸ்திரியோ மருந்தடிப்பவனோ எந்த நேரத்தில் அந்தப் பக்கம் வருவான் என்று சொல்ல முடியாது. முன்பெல்லாம் ஆள் மாற்றி ஆள் காவல் நிற்பார்கள். கார்முகில் வந்த பிறகு அது அவள் பொறுப்பானது. பாதை திரும்புகிற இடத்தில், புதருக்கு முதுகைக் கொடுத்து, கையில் ஒரு கம்போடு நிற்பாள். எந்த ஆண் தலை தெரிந்தாலும், "மாடு வருதுக்கோய்!" என்று கத்துவாள். காட்டுமாடு நடமாடுகிற மலை, யாருக்கும் சந்தேகம் வராது. மேஸ்திரி ஒருமுறை நிஜமாகவே பயந்து மரத்தில் ஏறிவிட்டார். அதைச் சொல்லிச் சொல்லிப் பெண்கள் ஒரு மழைக்காலம் முழுக்கச் சிரித்தார்கள்.

தேர்தல் வந்தது. மலைக்கு அந்தப் பக்கமும் தேர்தல், இந்தப் பக்கமும் தேர்தல். ரேணுகாவுக்கு அந்த வருஷம் ஒரு வேகம் பிறந்துவிட்டது. ஓட்டுக் கேட்டு வருகிறவனுக்கெல்லாம் ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்து அனுப்புவதே வேலையா, நாலு கேள்வி கேட்டால் என்ன என்றாள்.

"கக்கூசு கேக்கணும். ஜீப்புல ஆடுமாடு கணக்கா அடைக்கிறதக் கேக்கணும். அப்புறம் ஒன் விசயம்."

கார்முகில் பதறிப்போனாள். அவள் அடையாள அட்டையில் இன்னும் பழைய பெயர், பழைய பாலினம். மாற்றக் கேட்டு எழுதிப்போட்டு, அந்தச் சான்று இந்தச் சான்று என்று திருப்பி அனுப்பப்பட்டு, அதை அப்படியே விட்டுவிட்டாள். கன்னையனின் வாய்வார்த்தையில்தான் அவள் பிழைப்பே ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒன் காலப் பிடிச்சுக் கேக்குறேன். என் பேர எடுத்துராத. என்னைய யாரும் பாக்காம இருக்கிறவரைக்கும்தான் நான் நல்லா இருக்கேன்."

"சரிடி, எடுக்கல" என்றாள் ரேணுகா.

முதலில் கேள்வி கேட்டது தோட்டத்தில்தான். அந்தப் பக்கத்து வேட்பாளர் வெள்ளை வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தொழிலாளிகளைப் பார்க்க வந்தார். ரேணுகா கக்கூசு என்று வாயைத் திறந்ததும், "சேச்சிக்கு இவிடெ வோட்டுண்டோ?" என்று கேட்டார். இல்லை, போடித் தொகுதி என்றதும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். கும்பிடு என்னவோ பணிவாகத்தான் இருந்தது.

இந்தப் பக்கத்து வேட்பாளர் அருள்பாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராசிங்காபுரம் வந்தார். வேட்டுச் சத்தமும் குலவையுமாக முக்கே அதிர்ந்தது. ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்களுக்கு நடுவில் ரேணுகா வெறுங்கையோடு நின்றாள். கார்முகில் கூட்டத்துக்குப் பின்னால், டீக்கடை ஓரம் ஒதுங்கியிருந்தாள்.

"அண்ணே, நாங்க தோட்டத்துக்குப் போறவுக. அங்க ஒதுங்க ஒரு மறைவு இல்ல. மாசத் தீட்டு நாள்ல நாங்க படுறபாடு ஒங்க வீட்டுப் பொம்பளைககிட்டக் கேட்டுப் பாருங்க. கக்கூசு கட்டித்தர யாரக் கேக்குறது?"

அருள்பாண்டி வேனிலிருந்தபடியே குனிந்து சிரித்தார். "நியாயமான கேள்வி தங்கச்சி. ஆனா தோட்டம் கேரளாவுல இருக்கு. நான் எப்படி அங்க போயி வாய் தெறக்க முடியும்? அது அடுத்த மாநிலமில்ல!"

"அவுங்க இங்க ஓட்டு இல்லங்கறாங்க. நீங்க அங்க தோட்டம்ங்கறீங்க. அப்ப நாங்க மூத்திரம் பேயுறது எந்த மாநிலம்ணே?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அருள்பாண்டியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தப்பிக்க வழி தேடிய அவர் கண்ணில் டீக்கடை ஓரம் நின்ற கார்முகில் பட்டாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே, நம்ம தாயி அங்க நிக்கிது! இங்கிட்டு வா தாயி. ஒங்க ஆசீர்வாதம் கெடச்சா ஜெயிச்ச மாதிரி."

வரமாட்டேன் என்று தலையாட்டியும் விடாமல் நாலு பேர் அவளைக் கூட்டத்தைப் பிளந்து கொண்டுபோனார்கள். வேட்பாளர் இறங்கிவந்து தலை குனிந்தார். அந்தத் தலையில் கை வைக்க வேண்டும். செல்போன்கள் உயர்ந்தன. கை வைத்தாள். திருநங்கைகளைத் தெய்வமாக மதிக்கிற கட்சி எங்கள் கட்சி என்று மைக்கில் சொன்னார்.

ரேணுகாவுக்குப் பொறுக்கவில்லை. கேள்வி கைநழுவிப் போகிற ஆத்திரம் ஒரு பக்கம். கார்முகிலைப் பொம்மை மாதிரி நிறுத்தியது ஒரு பக்கம். எடுக்கமாட்டேன் என்று சொன்ன பேரை அவர்களே நடுத்தெருவுக்கு இழுத்துவந்துவிட்டார்கள், இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

"தெய்வமெல்லாம் வேண்டாம்ணே. கார்டுல பொம்பளைன்னு போடச் சொல்லுங்க, அது போதும். நான் பொம்பளைங்கறதுக்கு எங்கிட்ட ஒரு பயலும் சர்டிபிகேட் கேக்கல, இவகிட்ட மட்டும் என்னத்துக்குக் கேக்குறாங்க? இவ எம்புட்டு நல்லவ தெரியுமா? நாங்க காட்டுல ஒதுங்கயில எங்களுக்குக் காவலா நிக்கிறதே இவதான்!"

அவள் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். ஜீப்பில் வரும் எந்தப் பெண்ணும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். காவல் நிற்பது என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது என்பது அந்த நிமிஷம்வரை அவர்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல், "ஒதுங்கயில இவன் நிப்பானா? நல்ல சோலிதான்டா!" என்றது. சிரிப்பு வெடித்தது. அருள்பாண்டி தலையில் இருந்த கையை மெல்ல விலக்கினார். முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு மைக்கை வாங்கினார்.

"என் தங்கச்சிமார் மானத்துக்கு ஒரு கேடுன்னா இந்த அருள்பாண்டி சும்மா இருக்கமாட்டான். பெண்கள் பாதுகாப்புதான் எனக்கு முதல் வேலை."

கைதட்டல் காதை அடைத்தது. கார்முகில் அதன் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். ரேணுகா வாயில் கையை வைத்தபடி அவளையே பார்த்தாள்.

ரேணுகா பேசியதைச் செல்போனில் பிடித்து, கடைசி ஒரு வரியை மட்டும் வெட்டி, அதற்கு மேலே அசிங்கமாக எழுதி, ஒருவன் அனுப்பிவிட்டான். விளக்கு வைப்பதற்குள் அது ஊர் பூராவும் சுற்றிவந்துவிட்டது. பக்கத்து ஊர் தேவாரத்திலிருந்து சொந்தக்காரர்கள் போன் போட்டு விசாரித்தார்கள். பெரியம்மாளின் மகன், இனி அம்மா வேலைக்குப் போகக்கூடாது என்று தூக்குவாளியைத் தெருவில் எறிந்தான். ரேணுகாவின் புருஷன் செருப்பைக் கழற்றி அடித்தான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பேச்சுத்தான். அவன் அந்த ஜீப்பில் வந்தால் எங்கள் வீட்டுப் பொம்பளை வரமாட்டாள். அவள் அல்ல, அவன்.

மறுநாள் ஜீப் ஓடவில்லை. பொழுது சாய்ந்ததும் கன்னையன் வந்து கார்முகிலின் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"அருள்பாண்டி மொதலாளிக்குப் போன் பண்ணிட்டாரு. அவரு கார்டு கேட்டாரு. கார்டுல என்ன இருக்கோ அதானே பேசும்? ஆம்பளைய எதுக்குடா பொம்பளைக கூட்டத்துல வச்சிருந்தேன்னு என்னையப் போட்டு வாங்கிட்டாரு."

"அடுத்த மாநிலத்துல வாய் தெறக்க முடியாதுன்னாரேண்ணே?"

பேச்சு முழுக்கக் கன்னையன் அவளை எந்தப் பேர் சொல்லியும் கூப்பிடவில்லை. ஆத்தா என்று சொல்ல வாய் வரவில்லை, வேறு ஒன்று சொல்ல மனசு வரவில்லை. போகிறபோது, "நாளைலருந்து வரவேணாம்" என்று மட்டும் சொன்னார்.

"அப்ப காவலுக்கு யாருண்ணே நிப்பா?" என்று அவள் கேட்டாள்.

"அதுக்கும் ஏற்பாடு பண்ணியாச்சாம்."

வேண்டாம் என்று சொன்ன பிறகும் விடியலில் அவள் கால்கள் முக்குக்குத்தான் போயின. ஜீப் நின்றது. பெண்கள் ஏறினார்கள். கார்முகிலைப் பார்த்தவர்கள் முந்தானையைச் சரிசெய்வதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. ஒவ்வொருத்தி வீட்டிலும் என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

ரேணுகா ஏறவில்லை. கன்னம் வீங்கியிருந்தது.

"இவ வரலைன்னா நானும் வரல."

"வராதவ இனி எந்தத் தோட்டத்துக்கும் வரவேணாமாம். மொதலாளி சொல்லிட்டாரு. வெரசா முடிவு பண்ணு ஆத்தா, நேரமாகுது" என்றார் கன்னையன். அவர் குரலும் உடைந்துதான் இருந்தது.

ரேணுகா நின்றாள். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள், அந்தப் புருஷன். கார்முகில்தான் அவள் முழங்கையைப் பிடித்துப் படிக்குத் தள்ளினாள். பெரியம்மாளை வழக்கம்போலத் தூக்கிவிடக் கை நீட்டினாள். மகன் டீக்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் பெரியம்மாள் அந்தக் கையைத் தொடாமல், வலிக்கிற முழங்காலை ஊன்றித் தானே ஏறினாள். ஜீப் கிளம்பியது. பின்பக்கப் படியில் யாருமில்லை.

அன்று முழுக்கக் கார்முகில் சோறு பொங்கவில்லை. மறுபடி திருப்பூரா, மறுபடி கைதட்டலா என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அழுகைகூட வரவில்லை. ஆங்காரமாக இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சாயங்காலம் ஜீப் சத்தம் கேட்டுக் கொஞ்ச நேரத்தில் கதவு படபடவென்று தட்டப்பட்டது. ரேணுகா. முகம் வெளிறி, அடிவயிற்றை அழுத்திக்கொண்டு நின்றாள்.

"வீடு வரைக்கும் தாங்காது, தள்ளுடி" என்று பின்பக்கம் ஓடினாள். அங்கே நாலு தகரத்தைச் சாத்திக் கார்முகில் ஒரு மறைவு வைத்திருந்தாள்.

தகரத்துக்கு உள்ளிருந்தே பேசினாள் ரேணுகா. அழுதுகொண்டே பேசினாள். "பொம்பளைக பாதுகாப்புக்குன்னு ஆள் போட்டிருக்காங்கடி. வேட்பாளரு கேட்டுக்கிட்டாராம். மேஸ்திரியோட மச்சினன். நீ நிப்பியே, அந்தத் திருப்பத்துல பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்திருக்கான். ஓடைக்கரையப் பாத்து உக்காந்திருக்கான்டி. ஒருத்தியும் போகல. காலையிலருந்து சொட்டுத் தண்ணி குடிக்கல. பெரியம்மா மயங்கி விழுந்துட்டா."

"நாளைக்கு?" என்றாள் கார்முகில்.

"நாளைக்கும் அவன்தான்."

மெயின்ரோட்டில் பிரச்சார ஆட்டோ ஒன்று அருள்பாண்டியின் பெயரையும் பெண்களின் மானத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே போனது. உள்ளே ரேணுகா எரிச்சல் தாங்காமல் முனகினாள். உடம்பு சரியாக இன்னும் நேரமாகும் போலிருந்தது.

உள்ளே இருக்கிற இந்தப் பாவி தன்னிடம் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை என்று கார்முகிலுக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்டிருந்தாலும் தான் என்ன சொல்லியிருக்கப் போகிறாள்? வேலிச்சந்து வழியாகத் தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டால் இவளுக்கு இன்னொரு அடி விழும். சுவரில் சாய்த்திருந்த விளக்குமாறைக் கையில் எடுத்துக்கொண்டாள். தகரத்துக்கு முதுகைக் கொடுத்து, சந்தின் பக்கம் பார்த்து நின்றாள்.