குதிகாலில் ஒரு எண்

அருங்காட்சியகத்தின் இரண்டாவது அறையில், துருப்பிடித்த பீரங்கிக்கும் யாருடையது என்று தெரியாத ஒரு கல்தொட்டிக்கும் நடுவே, வாட்ச் ரிப்பேர்காரர் ஒன்பது வருஷம் காட்சிப்பொருளாக இருந்தார். அத்தனை காலத்தில் அவருக்கு ஒரு முடி நரைக்கவில்லை, நகம் வளரவில்லை, பசி எடுக்கவில்லை. கல்தொட்டியில்கூட ஒரு விரிசல் விழுந்தது. இவரிடம் எந்தச் சேதாரமும் இல்லை என்று ஆண்டுதோறும் வந்த தணிக்கை அதிகாரிகள் திருப்தி தெரிவித்துவிட்டுப் போனார்கள்.

அவர் அங்கே போய்ச் சேர்ந்ததற்குச் சரித்திர ஆர்வம் காரணமில்லை. சமையலறைக் குழாய்தான் காரணம். அது சொட்டிக்கொண்டிருந்தது. ஊரான் வீட்டுக் கடிகாரங்களையெல்லாம் ஓட வைத்தவருக்குத் தன் வீட்டுக் குழாயை நிறுத்த நேரம் கிடைக்கவில்லை. அவருடைய மனைவி தையல்காரி. வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு அந்த வட்டாரத்துக்கே துணி தைத்துக் கொடுப்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஓடுகிற மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "ஏங்க, இன்னைக்கு நீங்க அந்தக் குழாயைப் பார்க்கலேன்னா, நான் உங்களைப் பார்க்க வேண்டியிருக்கும்."

"வாஷர் வாங்கிட்டு வந்துடறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு அவர் கிளம்பினார். டீக்கடையில் உட்கார்ந்தால் கண்டுபிடித்துவிடுவாள். நண்பர் வீட்டுக்குப் போனால் நண்பரின் மனைவியே ஆளனுப்பிச் சொல்லிவிடுவாள். யோசித்துப் பார்த்ததில், ஊரில் ஒருவரும் எட்டிப் பார்க்காத இடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. தங்கள் ஊர்ச் சரித்திரத்தின் மேல் மக்கள் வைத்திருந்த மரியாதை அப்படி. அதைத் தூரத்திலிருந்தே வைத்திருந்தார்கள். உள்ளே போனவர், அந்தக் காலத்து நீதிபதி ஒருவர் உட்கார்ந்து பலருக்குத் தூக்குத்தண்டனை கொடுத்த நாற்காலியைக் கண்டார். மெத்தை நன்றாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தூக்கிப் பீரங்கிச் சக்கரத்தின் மேல் போட்டுக்கொண்டு தூங்கிப்போனார்.

அன்றைக்கு வேறொரு வேலையும் அங்கே நடந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தின தணிக்கையில், மூலையில் இருந்த துடைப்பத்துக்கு எண் இல்லை என்று ஆட்சேபணை எழுந்திருந்தது. எண் இல்லாத பொருள் கட்டடத்துக்குள் எப்படி வந்தது என்று காப்பாட்சியர் ஆறு மாதம் விளக்கம் எழுதினார். துடைப்பம் பெருக்குவதற்கு வந்தது என்ற பதிலை மேலிடம் ஏற்கவில்லை. நொந்துபோன காப்பாட்சியர் அட்டெண்டரைக் கூப்பிட்டு, "உள்ள அசையாம இருக்கிறது எதுவா இருந்தாலும் நம்பர் போட்டுடுப்பா. ஒண்ணையும் விட்டுடாத" என்றார். அட்டெண்டர் சொன்னதைச் செய்கிறவர். சொல்லாததை நினைத்துப் பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறவர் அல்ல. சிவப்பு பெயிண்டும் மெல்லிய பிரஷ்ஷுமாக வாளி, ஜன்னல், ஸ்விட்ச் போர்டு என்று வந்தார். பீரங்கியின் அடியில் தூங்கிய பூனைக்குப் போட்டார். எண் பார்வைக்குத் தெரியாமல் அடிப்பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகையால் பூனைக்கு உள்ளங்காலிலும், வாட்ச் ரிப்பேர்காரருக்கு இடது குதிகாலிலும் போட்டு, காய்வதற்கு வாயால் ஊதிவிட்டும் போனார்.

சாயங்காலம் விழித்த வாட்ச் ரிப்பேர்காரர் வெளியே போகப் பார்த்தபோது வாசல் பின்வாங்கியது. அவர் மெல்ல நடந்தால் மெல்ல, ஓடினால் வேகமாக. மூச்சு வாங்கி நின்றால் அதுவும் நின்று காத்திருந்தது. பூனையும் அதையே முயன்று பார்த்துவிட்டு, உள்ளே இருப்பது என்பது தானே எடுத்த முடிவு என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு திரும்பியது. மறுநாள் தணிக்கை நடந்தது. பொருட்கள் எல்லாம் சரியாக இருந்தன. அருங்காட்சியகத்தின் வரலாற்றில் முதல் தடவையாக ஆட்சேபணையே இல்லை.

மூன்றாம் நாள் விஷயம் தெரிந்து தையல்காரி கையில் சாப்பாட்டுடன் வந்தாள். உணவுப் பொருட்களுக்கு அனுமதியில்லை என்ற பலகையைத் தாண்டி உள்ளே போனால், கணவர் கயிறு கட்டிய வேலிக்குள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அட்டை: 'வாட்ச் பழுதுபார்ப்பவர். ஆண். நல்ல நிலையில் உள்ளது.'

"நல்ல நிலையிலா? முதுகுவலி முதுகுவலின்னு ராத்திரியெல்லாம் புரண்டுட்டு இருந்த ஆளு" என்றாள்.

"இப்ப வலி இல்ல. பசிகூட இல்ல பாரேன்" என்றார் அவர், கொஞ்சம் பெருமையாகவே.

"பசி இல்லையா, இல்ல என் சமையல் வேண்டாமா?"

அந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னாலும் ஆபத்து என்பது காட்சிப்பொருளுக்கும் தெரியும். அவர் பீரங்கியைப் பார்த்தார்.

காப்பாட்சியர் அவளை மரியாதையாகவே உட்கார வைத்துப் பேசினார். ஒருமுறை எண் ஏறிய பொருளைத் தலைமை அலுவலகம் நீக்கினால்தான் உண்டு; அதுவும் உடைந்துபோயிருக்க வேண்டும், அல்லது கரையான் அரித்திருக்க வேண்டும். "உங்க வீட்டுக்காரருக்கு ரெண்டும் இல்லையேம்மா. நான் என்ன பண்றது?" என்று வருத்தப்பட்டார். "உடைக்கிறதுன்னா நானே உடைச்சுத் தரேன் சார்" என்று அவள் எழுந்தபோது, காட்சிப்பொருளைச் சேதப்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம் என்ற பலகையை அவர் விரலால் காட்டினார்.

அதற்கப்புறம் ஊர் வழக்கப்படி எல்லாம் பழகிப்போனது. முதல் மாதம் ஊரே திரண்டு வந்து பார்த்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று அவரை வரைந்தார்கள். மூக்கு யாருக்கும் சரியாக வரவில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் நின்றுபோன தன் வாட்சை நீட்ட, 'தொடாதீர்கள்' என்ற பலகை இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும் என்று வாட்ச் ரிப்பேர்காரர் விளக்கினார். வேலை கிடையாது, கேள்வி கிடையாது, தலைக்கு மேல் காற்றாடி. ஊரில் பல கணவர்கள் அவரை நீண்ட நேரம் நின்று பார்த்ததை அவர்கள் வீட்டுப் பெண்கள் கவனித்து வைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. அடியில் வாளி வைத்தாள் தையல்காரி; வாளி நிறைந்தால் செடிக்கு ஊற்றினாள். பிளம்பர் தானாகவே வந்து, "ஒரு நிமிஷ வேலைதான் அக்கா, மாத்திட்டுப் போறேன்" என்றபோதும் விடவில்லை. "எங்க வீட்டு ஆளு வந்து பார்ப்பாரு" என்றாள். வாரத்துக்கு ஒருமுறை அருங்காட்சியகத்துக்குப் போவாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, யார் வீட்டில் என்ன விசேஷம், யார் அளவு கொடுத்துவிட்டுப் பெருத்துப்போய் வந்து சண்டை போட்டது என்று எல்லாம் சொல்லுவாள். அவர் கேட்டுக்கொள்வார். வருஷங்கள் போயின. அவள் கண்ணாடி போட்டாள். ஊசியில் நூல் கோக்க ஜன்னலோரம் போக வேண்டி வந்தது. முன்பக்கம் ஒரு கொத்து முடி வெளுத்தது, பிறகு மற்றதும் சேர்ந்துகொண்டது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பியபடியே இருந்தார், மீசையில் மை போட்டதுபோன்ற கறுப்போடு.

முதலில் புதிதாக வந்தவர்கள் அவளை அவருக்கு அக்கா என்று நினைத்தார்கள். அதை அவள் பொறுத்துக்கொண்டாள். ஒன்பதாவது வருஷம், வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண்மணி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்க பையனாம்மா? அப்படியே உங்க ஜாடை" என்றாள். தையல்காரி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை, 'இல்லை, என் வீட்டுக்காரி' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காட்சிப்பொருட்கள் பார்வையாளர்களோடு வாதம் செய்வதில்லை என்ற நல்லொழுக்கம் அந்த நேரம் பார்த்து அவருக்கு வந்திருந்தது. அவர் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அவள் அந்தப் பூனையைப் பார்த்தாள். மீன் விற்கிறவளின் கூடைக்குப் பக்கத்தில், ஊருக்கே சொந்தக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தது. குனிந்து அதன் காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கால் சுத்தமாக இருந்தது. எண்ணை நக்கி நக்கியே அழித்திருந்தது. பழைய அட்டெண்டர் இருந்தவரை ஒவ்வொரு தணிக்கைக்கும் முன்னால் தேய்ந்த எண்களை மறுபடி எழுதிவிடுவார். அவர் ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆகிறது. புதிதாக வந்தவருக்குப் பெயிண்ட் வாடை ஒத்துக்கொள்ளாது. பிரஷ்ஷைத் தொட்டதே இல்லை. துடைப்பத்தின் எண்கூடப் போய்விட்டது, அவளே பார்த்திருக்கிறாள். அப்படியானால் கணவரின் குதிகால் எண் மட்டும் எப்படி நிற்கிறது என்று தையல்காரிக்குத் தோன்றியது. பிறகு வந்த வழியே திரும்பி நடந்தாள்.

அவர் கண்ணயர்ந்திருந்தார். கயிற்றுக்குக் கீழே குனிந்து இடது குதிகாலைப் பார்த்தாள். எண் நேற்று எழுதியதுபோலப் பளபளவென்று சிவந்திருந்தது. நாற்காலிக்கு அடியில் கைவிட்டுத் துழாவினாள். மெத்தைக்குக் கீழே, கிழிசலுக்குள், பழைய அட்டெண்டருடைய சிவப்பு பெயிண்ட் டப்பாவும் ஒரு மெல்லிய பிரஷ்ஷும் இருந்தன. பிரஷ்ஷைக் கணவர் கழுவித் துடைத்து ஒழுங்காகவே வைத்திருந்தார். குழாய் வாஷருக்குக் காட்டாத அக்கறை.

எழுப்பிச் சண்டை போட்டிருக்கலாம். ஊர் கூடியிருக்கும், அட்டையில் இன்னொரு வரி சேர்ந்திருக்கும். தையல்காரி டப்பாவையும் பிரஷ்ஷையும் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வாரம் அவள் வந்தபோது வாட்ச் ரிப்பேர்காரரின் முகம் சரியில்லை. எதையோ தொலைத்தவர் மாதிரி நாற்காலியில் நெளிந்தார். "என்னங்க தேடறீங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றார். "சொன்னாத்தானே தேடித் தர முடியும்?" என்றாள். டப்பாவைக் காணோம் என்று சொன்னால் டப்பா இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் ஒண்ணுமில்லை என்று இன்னொரு தடவை சொன்னார். அதற்கடுத்த வாரங்களில் இடது காலைத் தரையில் படாமல் தூக்கியே வைத்திருந்தார். அது பழங்காலத்து உட்காரும் முறை என்று காப்பாட்சியர் பார்வையாளர்களுக்கு விளக்கினார். நான்கு பேர் படம்கூட எடுத்துக்கொண்டார்கள். தையல்காரி எதுவும் கேட்காமல், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, தெருவில் யார் வீட்டுக்குப் புதுக் குழாய் போட்டார்கள் என்பதை மட்டும் விரிவாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

கடைசியில் ஒரு கொசு கடித்தது. குதிகாலில்தான். எத்தனை பெரிய மனிதனாக இருந்தாலும் எத்தனை நேரம் தாங்குவான்? அவர் சொறிந்தார். எண்ணின் கடைசிப் பொருக்கு நகத்தோடு வந்தது. அடுத்த நிமிஷம் ஒன்பது வருஷத்துப் பசி ஒரே மூச்சில் வந்து வயிற்றைப் பிடித்தது. வயிறு இரைந்த சத்தத்தில் முதல் அறையிலிருந்த பானை ஒன்று அதிர்ந்ததாகச் சொல்கிறார்கள். அவர் எழுந்து ஓடினார். வாசல் நின்ற இடத்திலேயே நின்றது.

அவர் தெருவில் போனதைப் பார்த்தவர்கள் பலர். முதல் திருப்பத்தில் கிருதா நரைத்தது. கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது தொப்பை போட்டிருந்தது. பழைய முதுகுவலி பாலத்தருகே வந்து சேர்ந்துகொண்டது. அதனால் ஓட்டம் நடையானது. தன் வீட்டு கேட்டைத் திறந்தபோது அவர் சரியாகத் தன் வயசில் இருந்தார். மனைவியைவிடக் கொஞ்சம் மூத்தவராக, எப்படி இருக்க வேண்டுமோ அப்படி.

தையல்காரி மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. கண்ணாடிக்கு மேலாக ஒரு முறை பார்த்தாள்.

"வாஷர் கிடைச்சுதா?"

"பசிக்குது" என்றார்.

"கிடக்கட்டும், பசிக்கட்டும். முதல்ல குழாய். வாஷர் மேடை மேல இருக்கு. வாங்கி வச்சு ஒன்பது வருஷம் ஆச்சு."

குழாய் நின்றது. அவர் சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் அவள் இரண்டு முறை உலை வைக்க வேண்டியிருந்தது. மூன்றாவது உலைக்கு முன்னால் அவர் தட்டருகிலேயே சாய்ந்து தூங்கிவிட்டார். தையல்காரி பையிலிருந்து டப்பாவை எடுத்து, கதவுக்கு மேலே எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்து, அவருடைய இடது குதிகாலில் எண் போட்டாள். அப்புறம் உட்கார்ந்து தன் குதிகாலிலும் அதையே போட்டுக்கொண்டாள். தையல் வேலை செய்த கை. கோணல் இல்லாமல் வந்தது.

விழித்ததும் அவர் காலைத் திருப்பிப் பார்த்தார். "இது நம்ம வீட்டு நம்பர் ஆச்சே."

"வேற எந்த வீட்டு நம்பர் போடணும்?" என்றாள்.

அவர் எழுந்து போய்ப் பார்த்தார். கேட் பின்வாங்கியது. திரும்பி வந்து, வேறு எதெது சொட்டுகிறது என்று கேட்டார்.

அருங்காட்சியகத்தில் அட்டை இன்னும் இருக்கிறது. பொருளைக் காணோம் என்று எழுதினால் எத்தனை வருஷம் விளக்கம் எழுத வேண்டும் என்பது காப்பாட்சியருக்குத் தெரியும், அவர் எழுதவில்லை. வருகிறவர்கள் கயிற்றுக்கு வெளியே நின்று காலி நாற்காலியை மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். முன்னைக்கு இப்போது இளைத்துவிட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். தணிக்கையில் இதுவரை ஆட்சேபணை இல்லை.

வீட்டுக்குள் இருக்கிற நாட்களில் இரண்டு பேருக்கும் அதற்கப்புறம் வயசு ஏறவில்லை. சந்தைக்குப் போக வேண்டிய நாளில் தையல்காரி மண்ணெண்ணெய் தொட்டுத் தன் குதிகாலைத் துடைத்துவிட்டுக் கிளம்புவாள். திரும்பி வந்து எழுதிக்கொள்வாள். அப்படிப் போகிற நாளெல்லாம் அவளுக்கு மட்டும் வயசு கூடுகிறது என்பதை அவள் மறப்பதில்லை. "ஏங்க, இந்த வாரம் நான் ரெண்டு தடவை போயிட்டேன். காலைக் காட்டுங்க" என்பாள். அவர் காலை நீட்டுவார். துடைத்துவிட்டு, கையில் பையைக் கொடுத்து, நூல்கண்டு வாங்க அனுப்புவாள். அவர் போய், அந்த நாளின் வயசைத் தானும் ஏற்றிக்கொண்டு, நேராக வீட்டுக்கு வந்துவிடுவார். வழியில் அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே போவதில்லை, ஊர்க்காரர்களைப் போலவே தூரத்திலிருந்து மரியாதை செலுத்திவிட்டு வருகிறார்.