அந்த மேசையில் உட்கார்ந்தவர்கள்

காலை ஏழரைக்கு ரஸ் கிளெண்டனிங்கின் குரலைக் கேட்காமல் விச்சிட்டாவில் யாரும் காபியை முடிப்பதில்லை என்று வானொலி நிலையத்தார் பெருமையடித்துக்கொள்வார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். ஆனாலும் கோதுமை லாரி ஓட்டுகிறவர்கள், முடிவெட்டும் கடைக்காரர்கள், விமானத் தொழிற்சாலைக்கு ஷிப்ட் போகிறவர்கள் என்று அவருக்கு ஒரு பெரிய கூட்டம் இருந்தது. இருபத்தேழு வருடம் கூட்டரசின், அதாவது மத்திய அரசின், புலனாய்வு அதிகாரி. அதில் கடைசி ஒன்பது வருடம் உள்ளூர்க் கிளைக்குத் தலைவர். ஓய்வு பெற்ற பிறகு, வேட் ஹன்சிகர் நடத்தும் காலை நிகழ்ச்சியில் செவ்வாயும் வியாழனும் வந்து உட்கார்ந்தார். பேட்ஜ் மாட்டியிருந்த மனிதர் பேசுகிறார் என்றால் அதற்கு ஒரு தனி மரியாதை.

அவர் ஒன்றும் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர் அல்ல. நம்பியதைத்தான் பேசினார். வேலைக்கு ஆள் எடுத்தால் தகுதியைப் பார்த்து எடு, தோலைப் பார்த்து எடுக்காதே என்பது அவருடைய கட்சி. சிறுபான்மையினரையும் பெண்களையும் படிப்பிலும் வேலையிலும் சேர்க்கப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் பன்முகத்தன்மை அலுவலகங்களை இழுத்து மூட வேண்டும் என்று, மற்றவர்கள் தயங்கிய காலத்திலேயே சொன்னவர். அப்படி ஒரு அலுவலகம், ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த பல்கலைக்கழகத்தில், இந்தக் குளிர்காலத்தில் மூடப்பட்டது. அதன் காகிதங்கள் எல்லாம் பெட்டி பெட்டியாக அரசாங்கத்தின் கைக்குப் போயின. அந்தப் பெட்டிகளில், அந்த அலுவலகம் போட்ட மேசையில் உட்கார்ந்து தங்கள் துறைக்கு ஆள் பிடித்த கூட்டரசு அதிகாரிகளின் பெயர்களும் இருக்கின்றன என்று செய்தி கசிந்தது.

செவ்வாய்க்கிழமை ரஸ் அதைப் பற்றித்தான் பேசினார். "அந்த மேசையில உட்கார்ந்தவன் எவனா இருந்தாலும் சரி, பேட்ஜைக் கழட்டி வச்சிட்டுப் போகட்டும்" என்றார். தொலைபேசிகள் ஒன்பது மணி வரை ஓயவில்லை. வேட் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தான்.

மறுநாள் மார்லா எஸ்கிவெல் அழைத்தாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு வர முடியுமா என்று கேட்டாள்.

மார்லா அவரோடு பதினொரு வருடம் வேலை பார்த்தவள். கார்டன் சிட்டியில் இறைச்சித் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகள். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவள், ரஸ் ஓட்டுப் போடும் கட்சிக்கே ஓட்டுப் போடுகிறவள். போதைப்பொருள் வழக்கு ஒன்றில் இரண்டு பேரும் ஒரே காரில் பத்தொன்பது இரவு காத்துக் கிடந்திருக்கிறார்கள். காத்திருப்பதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது.

உணவகத்தில் அவள் வழக்கம்போல பீன்ஸும் கறியும் போட்ட சில்லியும், தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை ரொட்டியும் வாங்கியிருந்தாள். இரண்டும் தொடாமல் ஆறிக்கொண்டிருந்தன. ஒரு கடித உறையை அவர் பக்கம் தள்ளினாள். கட்டாய விடுப்பு. முறையற்ற பன்முகத்தன்மைப் பணிகளில் ஈடுபட்டதற்கு விளக்கம் தர பன்னிரண்டு நாள் அவகாசம். மேசையில் உட்கார்ந்த தேதிகளும் போட்டிருந்தன, எட்டு சனிக்கிழமைகள்.

"நீங்க செவ்வாய்க்கிழமை பேசினதை நானும் கேட்டேன், பாஸ். கார்ல போய்க்கிட்டே. ஆமா, ஆமான்னு தலையைக்கூட ஆட்டினேன். ஆபீஸ் வாசல்ல இந்தக் கவரை நீட்டுறாங்க."

ரஸ் தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். அந்த எட்டு சனிக்கிழமைகளுக்கும் அவரே காரணம்.

துறையில் இருந்தவர்களுக்கு இது விளக்க வேண்டிய விஷயமே இல்லை. வருடாந்தர மதிப்பீட்டுத் தாளில் 'கூடுதல் பொறுப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. துப்பாக்கிப் பயிற்சி, தடயக் குழு, ஆள் சேர்ப்பு என்று அதில் ஏதாவது எழுத வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் பதவி உயர்வு இல்லை. டிசம்பர் வந்தால் தலைவர்கள் எல்லாரும் உட்கார்ந்து கட்டம் நிரப்புவார்கள். ஒன்பது வருடத்துக்கு முன்பு மார்லாவின் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். துப்பாக்கிப் பயிற்சிக்கு அனுப்பினால் ஆறு வாரம் வெளிமாநிலம். ஆகவே ரஸ் அவளுக்குப் பல்கலைக்கழக மேசையை எழுதினார். வருடத்துக்கு நாலு சனிக்கிழமை, சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். இரக்கப்பட்டுத்தான் செய்தார். அவளுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. கடை வாசலில் நிறுத்தி வைத்த பொம்மை மாதிரி இருக்கிறது என்று அப்போதே முணுமுணுத்தாள்.

இரக்கம் மட்டும்தானா என்று கேட்டால் அவர் கொஞ்சம் நெளிவார். அந்த மேசைக்காகப் பல்கலைக்கழகம் கிளைத் தலைவருக்கு ஒரு மரப்பட்டயம் கொடுத்தது. அடுத்த ஆய்வில் அவருக்கு நல்ல பெயர் வாங்கிக்கொடுத்ததும் அதுதான். விழாவுக்கு அவர் போகக்கூட இல்லை. மார்லாதான் வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு வந்தாள். இப்போதும் அது அவருடைய கராஜில், மான்கறி வைக்கும் குளிர்பெட்டிக்கு மேலே தொங்குகிறது.

உத்தரவு போட்டது தான்தான் என்று இன்றைக்கே கடிதம் எழுதித் தருவதாக ரஸ் சொன்னார்.

"கடுதாசி ஃபைலுக்குள்ள போகும். ஃபைல் எங்க போகும்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதான்" என்றாள் மார்லா. "விசாரணைக் குழுவுல தலைவரா இருக்கறவரு போன மாசம் வேட் ஷோவுக்கு வந்தாரே. உங்க பேச்சைக் கேட்டுட்டுத்தான் வேலைக்குக் கிளம்புறேன்னாரு. ரேடியோவுல சொன்னதை ரேடியோவுலயே சொல்லுங்க. நான்தான் அவளை அனுப்பினேன்னு. மூணே வார்த்தை, பாஸ்."

"சொல்றேன், எஸ்கிவெல். நாளைக்கே சொல்றேன்."

அந்த நிமிஷத்தில் அவர் மனதாரத்தான் சொன்னார்.

வியாழக்கிழமை நிலையத்துக்குள் நுழையும்போதே வேட் ஒரு தாளை ஆட்டிக்கொண்டு எதிரே வந்தான். யாரோ பட்டியலை அனுப்பிவிட்டிருந்தார்கள். ஏழு பெயர்கள். அதை நிகழ்ச்சியில் வாசிக்கப் போவதாகச் சொன்னான். ரஸ் தாளை வாங்கிப் பார்த்தார். நாலாவது பெயர் மார்லாவுடையது. உட்கார்ந்தவர்களின் பெயர்கள் இருந்தன. உட்கார வைத்தவரின் பெயர் எங்கும் இல்லை. அதைப் பார்த்ததும் தனக்குள் ஏதோ லேசானதை ரஸ் கவனித்தார். அப்படி லேசானதற்காக வெட்கப்பட்டார். வெட்கப்பட்டபடியே போய் மைக் முன்னால் உட்கார்ந்தார்.

கதவுக்கு மேலே, ஒலிபரப்பு தொடங்கியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. விளம்பரம் முடிந்ததும் பட்டியலை வாசிக்கப் போகிறேன், யாரும் நிலையத்தை மாற்றாதீர்கள் என்று வேட் நேயர்களை உசுப்பிவிட்டான். ரஸ்ஸுக்கு எதிரே இருந்த திரையில், பேசக் காத்திருப்பவர்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. மூன்றாவது இணைப்பில் 'மார்லா, விச்சிட்டா' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் சின்ன விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

ரஸ் தொண்டையைச் செருமினார். "ஒண்ணு சொல்லணும், வேட். அந்தப் பட்டியல்ல இருக்கற எல்லாரும் விரும்பிப் போனவங்க இல்ல. சில பேரை அனுப்பி வச்சாங்க."

வேட்டின் புருவம் உயர்ந்தது. இது இன்னும் நல்ல தீனி. "அப்படியா? யாரு அனுப்பினாங்க?"

வானொலியில் மௌனத்துக்கு எல்லாரும் பயப்படுவார்கள். நாலு வினாடிக்கு மேல் சத்தமில்லை என்றால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பொறியாளர் எழுந்து நின்றுவிடுவார். பொறியாளர் எழுந்து நின்றார்.

"மேலதிகாரிங்க" என்றார் ரஸ்.

"அவங்களையும் விடக் கூடாதே. பேரைச் சொல்லு, நீ அங்க இருந்தவன்தானே."

மூன்று வார்த்தைகளும் நாக்கின் நுனியில்தான் இருந்தன. லாரிக்காரர்கள் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முடிவெட்டும் கடைக்காரர் கத்தரிக்கோலை நிறுத்தியிருப்பார். அத்தனை பேருக்கும் முன்னால், அந்த மேசையைப் போட்டவனே நான்தான் என்று சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை அவரே சொன்ன தீர்ப்பு அவர் மேலேயே விழும்.

"அவங்கள்லாம் ரிட்டயர் ஆயிட்டாங்க" என்றார்.

வேட் சிரித்தான். தப்பித்துக்கொண்டார்கள், கெட்டிக்காரர்கள் என்று சொல்லி விளம்பரத்துக்குப் போனான். சிவப்பு விளக்கு அணைந்தது. ஒரு டிராக்டர் விளம்பரம் ஓட ஆரம்பித்தது.

மூன்றாவது விளக்கு இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. இணைப்பில் காத்திருக்கிறவர்களுக்கு நிகழ்ச்சி முழுவதும் காதில் கேட்கும். அவள் பதினோரு நிமிடமாகக் காத்திருப்பதாகத் திரை சொன்னது. வேட் காபி எடுக்கத் திரும்பியபோது ரஸ் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

"எஸ்கிவெல். நான்தான்."

"இப்ப ஆன் ஏர்லயா இருக்கோம், பாஸ்?"

"இல்ல. விளம்பரம் ஓடுது."

அவள் அழுவாளோ என்று ரஸ் பயந்தார். அவள் அழவில்லை. மேலதிகாரியிடம் பேசும் அதே அடக்கமான குரலில்தான் பதில் வந்தது.

"அப்ப என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? யாரு அனுப்பினாங்கன்னு எனக்குத்தான் தெரியுமே."

விளக்கு அணைந்தது. திரையில் அவள் பெயர் இருந்த இடத்துக்கு, கீழே இருந்த இன்னொரு பெயர் ஏறி வந்தது. வேட் கோப்பையோடு திரும்பி வந்து யார் அது என்று கேட்டான். யாரோ தவறாகக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று ரஸ் சொன்னார்.

சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. வேட் தாளை எடுத்து வைத்துக்கொண்டு முதல் பெயரை வாசித்தான். நாலாவது பெயர் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ரஸ் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மூன்று பெயர்கள் சீக்கிரம் முடிந்துவிட்டன.