பின்னால் வரும் சிவப்புக் கார்

வெர்லின் ஸ்ட்ரவுடுக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் மனிதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அதனால் நாம் அப்படிச் சொல்ல வேண்டாம். நெப்ராஸ்காவில் காலமெல்லாம் காப்பீடு விற்றே காலம் தள்ளியவருக்கு, அறுபத்தெட்டு வயது வரைக்கும் ஸ்பானர் பிடிக்கிற சந்தர்ப்பம் அமையவில்லை என்று மரியாதையாகச் சொல்லி வைப்போம்.

ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றார். அந்தக் காசில் ஒரு வீட்டு பஸ் வாங்கினார். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற ராட்சச வண்டி. அவரும் மனைவி ட்வைலாவும் அதில் ஏறி நாடு சுற்றக் கிளம்பினார்கள். ஏறி என்று சொன்னது பொய். அவர் மட்டும்தான் ஏறினார். ட்வைலா தன் சின்ன சிவப்புக் காரில் பின்னாலேயே வந்தாள்.

பின்னே என்ன செய்வது? அவ்வளவு பெரிய பஸ்ஸை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போக முடியுமா? போகிற ஊரில் சில்லறை வேலைக்கு ஒரு கார் கட்டாயம் வேண்டும். விவரமான ஆட்கள் பஸ்ஸுக்குப் பின்னால் ஓர் இழுவைக் கம்பியைப் போட்டு, காரை அதன் நாலு சக்கரத்திலேயே இழுத்துக்கொண்டு போவார்கள். அதை மாட்டித் தருவதற்கென்றே கடைகள் இருக்கின்றன. வெர்லின் ஒரு கடையில் விலை கேட்டார். கேட்டதும், "இதுக்குப் போய் இவ்வளவா? நானே மாட்டிக்குவேன்" என்றார். சொன்னதோடு சரி. ப்ளோரிடா முதல் ஓரிகன் வரை இரண்டு வருஷம் ட்வைலா பின்னாலேயே ஓட்டி வந்தாள்.

பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ராஜா உட்காருகிற மாதிரி ஒரு தோல் நாற்காலி உண்டு. அதில் ஒரு ரொட்டி பாக்கெட் உட்கார்ந்து வந்தது. வெர்லினுக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிற்றெரிச்சல். ட்வைலா அங்கே உட்கார வேண்டும், இருவருமாகப் பேசிச் சிரித்துக்கொண்டு போக வேண்டும் என்றுதானே வீட்டையே விற்றார்! ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். "காரையும் சேத்து இழுத்துட்டா பெட்ரோல் மிச்சம்" என்றுதான் சொல்வார். அவளும், "எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லப்பா, நான் பாட்டுக்கு வர்றேன்" என்பாள். அந்த 'நான் பாட்டுக்கு' அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்தும். நம்மோடு உட்காருவதைவிடத் தனியாக வருவதுதான் இவளுக்குப் பிடித்திருக்கிறதோ என்று ராத்திரி புரண்டு புரண்டு படுப்பார்.

இந்தக் குளிர்காலத்தில் அரிசோனா பாலைவனத்தில், குவார்ட்சைட் பக்கம் முகாம் போட்டிருந்தபோது ஒரு வழியாக வேலையைத் தொடங்கினார். காரின் முன் பம்பரைக் கழற்ற வேண்டும், உள்ளே ஓர் இரும்புத் தாங்கியைப் பூட்ட வேண்டும், பின் விளக்குகளுக்கு வயர் இழுக்க வேண்டும். வீடியோவில் ஒருவன் சிரித்துக்கொண்டே ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டான். வெர்லினுக்கு பம்பரைக் கழற்றவே ஒரு வாரம் ஆயிற்று.

முகாமில் ஒரு வழக்கம். எவனாவது வண்டிக்கு அடியில் படுத்துவிட்டால் போதும், அக்கம்பக்கத்தில் இருக்கிற கிழங்களெல்லாம் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். அடுத்த பஸ்காரர் ஆர்லோ காபியோடு முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

"வெர்லின், அந்த போல்ட்டைத் தப்பான பக்கம் திருப்புறே."

"எனக்குத் தெரியும்யா."

"தெரிஞ்சேதான் திருப்புறியா? அப்ப சரி."

கடைக்குப் போய்விட்டு நடந்து வந்த ட்வைலா, பம்பர் இல்லாமல் நின்ற காரைப் பார்த்து வாயில் கை வைத்தாள். "அடப்பாவி மனுஷா! பல்செட்டைக் கழட்டி வச்ச மாதிரி நிக்குதே என் வண்டி!"

"திரும்ப மாட்டிடுவேன்."

"எப்படி மாட்டுவே? கீழ கை நிறைய போல்ட் மிச்சம் கிடக்கே!"

"மிச்சம் வந்தா நல்லதுதானே ட்வைலா" என்றார் ஆர்லோ. "பத்தாமப் போனாத்தான் கஷ்டம்."

கடைசியில் மாட்டியும்விட்டார். கோணலாகத்தான், ஆனால் கெட்டியாக. ட்வைலா காரைச் சுற்றி வந்து பார்த்தாள், காலால் தட்டிப் பார்த்தாள்.

"சரி. அடுத்து நாம போற கிங்மேன் ஊர் வரைக்கும் உன் பக்கத்துல உக்காந்து வர்றேன். ஒத்து வரலைன்னா மறுபடியும் என் கார், என் வழி. சம்மதமா?"

"சம்மதம்" என்றார் வெர்லின்.

கிளம்பும் நாள் காலையில் காரை பஸ்ஸோடு சேர்த்துப் பூட்டினார்கள். காரின் பிரேக்கைத் தானாக மிதிக்கும் பெட்டியை வெர்லின் பெடலோடு சேர்த்து வைத்தார். ட்வைலா தன் வைக்கோல் தொப்பியை ஓட்டுநர் சீட்டின் தலைப்பகுதியில் மாட்டிவிட்டு இறங்கினாள். பிறகு பின்னால் நின்று வாக்கி டாக்கியில் விளக்குகளைச் சரிபார்த்தாள். வெர்லினிடம் ஒரு கெட்ட பழக்கம். பேசுகிற பட்டனை அழுத்தினால் விடவே மாட்டார். அழுத்தியிருக்கும் வரை எதிராளி பேசுவது இவருக்குக் கேட்காது.

"இடது லைட் எரியுதா? எரியுதா? ஏன் பதிலே சொல்ல மாட்டேங்கிறே?"

ட்வைலா முன்னால் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினாள். "பட்டனை விடு! விட்டாத்தானே நான் பேசறது கேக்கும்? எத்தனை தடவை சொல்றது!"

வாக்கி டாக்கியை ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டு தோல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். ரொட்டி பாக்கெட் அலமாரிக்குப் போயிற்று. வெர்லினுக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் முகாமின் வாசல் வரைக்கும்தான். அதற்கப்புறம் ட்வைலா இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாள். "லாரி வருது, லாரி! ஐயோ, ஓரம் ஓரம்! அந்தப் பலகை இடிக்கப் போகுது!" வெர்லின் பல்லைக் கடித்துப் பார்த்தார். ஒரு வளைவில் அவள் அவர் கையையே பிடித்துவிட்டாள்.

"உனக்கு பஸ் ஓட்டத் தெரியுமா? தெரியாதில்ல? அப்ப வாயை மூடிக்கிட்டு வா!" என்று சள்ளென்று விழுந்தார்.

ட்வைலா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்கப்புறம் ஒரு வார்த்தை இல்லை. ரொட்டி பாக்கெட்டே தேவலை என்கிற மாதிரி ஆகிவிட்டது. பாலைவனத்துக்கு நடுவே ஒரு பெட்ரோல் நிலையம் வந்ததும், "தின்ன ஆப்பிள் பை ஏதாவது வாங்கிட்டு வர்றேன்" என்று அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

வெர்லின் பெட்ரோல் போட்டார். கண்ணாடி துடைத்தார். யாரோ ஒரு ஆள் வந்து, "இழுவையை நீங்களே மாட்டினீங்களா?" என்று கேட்டுத் தொலைத்தான். கேட்டால் விடுவாரா? போல்ட் போல்ட்டாகச் சொல்லி முடித்துவிட்டு உள்ளே ஏறினார். பக்கத்து நாற்காலி காலி. நிமிர்ந்து பின்பக்கக் கேமராத் திரையைப் பார்த்தார். சிவப்புக் கார் நின்றது. அதில் ஓட்டுநர் இடத்தில் வைக்கோல் தொப்பி தெரிந்தது.

'போய் உக்காந்துட்டா! கோச்சுக்கிட்டுத் தன் காருக்கே போயிட்டா!' பஸ்ஸைக் கிளப்பினார்.

அட மனுஷா, அந்தக் காரைக் காலையில் உன் கையாலேயே பஸ்ஸோடு பூட்டினாயே என்று நமக்குக் கத்தத் தோன்றுகிறது. என்ன செய்வது, இரண்டு வருஷப் பழக்கம். பெட்ரோல் போடுவார், திரையில் சிவப்புக் காரைப் பார்ப்பார், கிளம்புவார். கார் வந்தால் ட்வைலா வருகிறாள் என்று அர்த்தம். இன்றைக்கும் கார் தவறாமல் வந்தது.

கொஞ்ச தூரம் போனதும் வாக்கி டாக்கியை எடுத்துப் பட்டனை அழுத்தினார்.

"ட்வைலா, கேக்குதா? கோவமா? இருக்கட்டும். நான்தான் எரிஞ்சு விழுந்தேன், ஒத்துக்கறேன். பதில் சொல்ல மாட்டியா? சரி, நானே பேசறேன். பெட்ரோல் மிச்சம்னெல்லாம் சொன்னேனே, அது சும்மா. மொன்டானாவுல ரோட்டை மறிச்சுக்கிட்டுக் காட்டெருமைக் கூட்டம் போச்சே, 'அங்க பாரு, அங்க பாரு'ன்னு நான் கத்தினேன். யார்கிட்ட தெரியுமா? ரொட்டி பாக்கெட்கிட்ட! அழுகையே வந்துடுச்சு எனக்கு. அதுக்குத்தான் இந்த ஸ்பானர், போல்ட் எல்லாம். எனக்கு என்ன வேணும்னா..."

கட்டைவிரல் பட்டனை விடவே இல்லை. மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டிவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார். கார் பஸ்ஸின் முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஏன் இப்படி இடிக்கிற மாதிரி வர்றே? தள்ளி வா!" வேகத்தைக் கூட்டினார். காரும் கூட்டியது. குறைத்தார், காரும் குறைத்தது. "இதென்ன பிடிவாதம் ட்வைலா! என் மேல கோவம்னா என் மேல காட்டு, வண்டில காட்டாதே!"

அப்போது சாலை ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. திரையில் தொப்பி சாய்ந்து, கீழே விழுந்து மறைந்தது.

வெர்லினுக்கு உயிரே போய்விட்டது. 'மயங்கி விழுந்துட்டா! ஐயோ, நான் பேசின பேச்சுல நெஞ்சை அடைச்சிடுச்சு!' பஸ்ஸை லாரிகள் ஒதுங்குகிற மண் திட்டில் ஏற்றி நிறுத்தி, விழுந்தடித்துப் பின்னால் ஓடினார். கார்க் கதவைத் திறந்தார். தொப்பி சீட்டில் கிடந்தது. பெடலோடு சேர்ந்து பிரேக் பெட்டி சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அவர் கையால் மாட்டிய இழுவைக் கம்பி வெயிலில் பளபளத்தது.

"அடக் கடவுளே" என்று காரின் மூக்கில் சாய்ந்து நின்றார். பக்கத்தில் உட்கார வைக்கப் பாடுபட்டு, ஆளையே நடு பாலைவனத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்! இனி அவள் அந்த நாற்காலியில் உட்காருவாளா? ஜென்மத்துக்கும் மாட்டாள்.

உடனே திரும்பிப் போகவும் வழியில்லை. காரை இழுத்துக்கொண்டு பஸ்ஸைப் பின்னால் எடுக்கவே கூடாது, கம்பி மடங்கிவிடும். காரைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மேடுபள்ளத்தில் நின்றதால் கம்பியைப் பூட்டியிருந்த இரும்பு ஊசி இறுகிக்கொண்டு வர மாட்டேன் என்றது. சுத்தியலால் அடித்தார், காலால் உதைத்தார், கெஞ்சினார், கெட்ட வார்த்தை சொன்னார். சட்டை முழுக்க கிரீஸ். கடைசியில் ஊசி பிடுங்கிக்கொண்டு வந்து அவரைப் புழுதியில் உட்கார வைத்தது. பிரேக் பெட்டியைத் தூக்கிப் பின் சீட்டில் எறிந்துவிட்டு, சிவப்புக் காரில் வந்த வழியே பறந்தார்.

பெட்ரோல் நிலைய வாசலில் பெஞ்சில் ட்வைலா உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் ஆப்பிள் பலகாரப் பெட்டி, மடியில் வாக்கி டாக்கி. சுற்றிலும் கடைக்காரி ரமோனாவும் இரண்டு லாரிக்காரர்களும் நின்றார்கள். வெர்லின் இறங்கியதும் ஒரு லாரிக்காரர் கை தட்டினார்.

"ரொட்டி பாக்கெட்கிட்ட பேசுறவர் இவர்தானா?" என்றாள் ரமோனா. "ஐயா, பட்டனை விடுங்கன்னு நாங்க எல்லாரும் சேந்து தொண்டை கிழியக் கத்தினோம். நீங்க எங்க விட்டீங்க?"

வெர்லினுக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. "எவ்வளவு கேட்டுது?" என்றார் மனைவியிடம்.

"காட்டெருமை கேட்டுது. அழுகை கேட்டுது. 'எனக்கு என்ன வேணும்னா'ன்னு சொன்னே, அதோட கரகரன்னு போயிடுச்சு." ட்வைலா எழுந்து நின்றாள். "என்ன வேணும் உனக்கு? இங்கயே சொல்லு."

"இங்கயா? எல்லாரும் இருக்காங்களே."

"பாதி கேட்டவங்க மீதியைக் கேக்க வேண்டாமா?"

"நீதான் வேணும். பக்கத்துல" என்றார் வெர்லின், தன் கிரீஸ் கைகளைப் பார்த்துக்கொண்டு. "நீ தனியா வர்றதுதான் உனக்கு இஷ்டம்னு நினைச்சேன்."

"மடையா! நானா தனியா வர ஆசைப்பட்டேன்? ஸ்பானரை எடுத்தா நீ விரலை நசுக்கிக்குவியேன்னு பயந்து கஷ்டமில்ல கஷ்டமில்லன்னு சொன்னேன். ரெண்டு வருஷத்துல நான் எதைப் பாத்தேன்? உன் பஸ்ஸோட பின்பக்கத்தைப் பாத்தேன். கிராண்ட் கேன்யன் போற வழியெல்லாம் அதான் தெரிஞ்சுது. கடலோரத்துல அதேதான். பஸ்ஸுல எத்தனை ஆணி இருக்குன்னு கேளு, சொல்றேன்."

ரமோனா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ட்வைலா பலகாரப் பெட்டியை வெர்லினின் கையில் திணித்தாள். நேராக ஓட்டுநர் பக்கம் போய்க் கதவைத் திறந்து, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"ஏறு" என்றாள்.

வெர்லின் பக்கத்து சீட்டில் ஏறினார். அந்த இடத்தில் அவர் உட்கார்ந்தே வருஷக்கணக்காகிவிட்டது. முழங்கால் இடித்தது. மண் திட்டு வந்தது, பஸ் வந்தது. அவர் சீட் பெல்ட்டைக் கழற்றப் போனார். ட்வைலா வேகத்தைக் குறைக்கவே இல்லை. கார் பஸ்ஸைத் தாண்டிப் பாய்ந்தது.

"ட்வைலா! பஸ்! பஸ்ஸைத் தாண்டிட்டே!"

"தெரியும்" என்றாள் அவள். எதிரே ஒரு வண்டி இல்லை. மலை வரைக்கும் வெறும் சாலையும் வானமும்தான். "வாயை மூடிக்கிட்டு முன்னால பாருப்பா. எவ்வளவு நல்லா இருக்கு!"