சத்திரக்காரன் குரல்

விதி அதிகமானா ஆட்டம் செத்துடும். விதியே இல்லைன்னா சத்தமாப் பேசுறவன் ஜெயிச்சிடுவான். இப்படி வாய் கிழியப் பேசுறவன் நான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்க வீட்டு மேசையச் சுத்தி ஆளுக்கொரு பாத்திரமா உக்காந்து, பகடை உருட்டி, ஒரு கதைக்குள்ள போவோம். கதைய நடத்துறது நான். ஆடுறது என் சிநேகிதங்க ரெண்டு பேரு, ஒரு நர்ஸும் ஒரு வக்கீலும்.

கதையில வர்ற ஊரு, ஆறு, சத்திரம் எல்லாம் என் கற்பனை. சத்திரக்காரன் மட்டும் அப்படி இல்ல. அவனுக்குக் குரல் குடுக்குறதும் நான்தான். தொண்டையக் கனைச்சுக்கிட்டு "விஷயம் என்னன்னா..."ன்னு ஆரம்பிப்பான், விஷயம் மட்டும் வரவே வராது. அவன் வாயத் திறந்தாலே ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. அது அப்படியே எங்க மாமா, அக்கா புருஷன். லிஃப்ட் மெக்கானிக். அவரு இந்த மேசைக்கு வரவா போறாருன்னு ஒரு தைரியம்.

அக்கா போன் பண்ணினா. "வேலை விட்டா வீடு, வீடு விட்டா வேலைடா. பேச ஒரு மனுஷன் இல்ல அவருக்கு. உன் ஆட்டத்துல சேத்துக்கோடா." சரின்னுட்டேன். அப்புறம்தான் பொறி தட்டுச்சு, போன வாரம் கதைய நிறுத்தினதே சத்திர வாசல்ல.

மாமா சலவை மடிப்புக் கலையாத சட்டையில வந்தாரு. பூட்டுத் திறக்கிறவன் பாத்திரத்த எடுத்துக்கிட்டாரு. மறக்காம இருக்க அவனோட திறமைய எல்லாம் உள்ளங்கையில எழுதி வெச்சிருந்தாரு.

"சத்திரக்காரனக் கூப்பிடு!"ன்னா நர்ஸ்.

"அவன் ஊருக்குப் போயிட்டான்"னேன்.

வக்கீல் விடுவானா? "காரணமில்லாம ஆள் காணாமப் போகக் கூடாது. நீ போட்ட விதிதானய்யா!"

வேற வழியில்லாம, கட்டைக் குரல்ல, "யாரது?"ன்னேன்.

"ஐயே, அவன் இப்படியா பேசுவான்?"னு நர்ஸ் தானே தொண்டையக் கனைச்சா. "விஷயம் என்னன்னா..."

வக்கீல் மேசையத் தட்டித் தட்டிச் சிரிச்சான். மாமாவும் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே என்னைப் பார்த்தாரு. அடுத்தவன் பாத்திரத்தக் கேலி பண்ணக் கூடாதுன்னு எங்க மேசையோட முதல் விதிய எழுதின பெரிய மனுஷன் நான்தான். சீ!

அதுக்கப்புறமும் மாமா கடைசி வரைக்கும் ஆடினாரு. ரெண்டு பூட்டுத் திறந்தாரு. ஏதாவது சொல்ல வாயெடுப்பாரு, தொண்டை வரைக்கும் கனைப்பு வரும், முழுங்கிட்டு உள்ளங்கையப் பார்ப்பாரு.

வாசல்ல செருப்பு மாட்டும்போது, "மாமா, அது வந்து..."ன்னு இழுத்தேன்.

"பரவால்ல மாப்ளே. நல்லாத்தான் பேசுறாங்க." குனிஞ்சு வாரைச் சரி பண்ணினாரு. "அடுத்த வாரத்துலேர்ந்து எனக்கு ஞாயிறும் வேலை. அக்கா கேட்டா, நல்லா ஆடினாருன்னு மட்டும் சொல்லு. ஆசையா சட்டைக்கு இஸ்திரி போட்டுக் குடுத்தா."

அவரு தெருமுனை திரும்புறதுக்குள்ள போன் அடிச்சிடுச்சு.

"எப்படிடா? வாயத் திறந்து நாலு வார்த்தை பேசினாரா?"

நான் தொண்டையக் கனைச்சேன்.

"நல்லா ஆடினாருக்கா."